தாய்ப்பத்திரம் தேட எந்த வழி: செல்போனா, பத்திர ஆபீஸா, எழுத்தர் கடையா?

சேலத்தில், குகைப் பகுதியில் தாத்தா காலத்து ஓட்டு வீடு ஒன்று. ஏற்காட்டில் நாகலூர் பக்கம் ஒன்றரை ஏக்கர், காப்பியும் மிளகும். இரண்டுக்கும் அப்பா பேரில் பத்திரம் இருக்கிறது. தாத்தாவுக்கு அவை எப்படி வந்தன என்பதற்குத்தான் வீட்டில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. தம்பி வீட்டின்மேல் கடன் கேட்டபோது வங்கி வக்கீல் அதில்தான் கை வைத்தார். "தாய்ப்பத்திரம் எங்கேங்க?" நம் பத்திரத்துக்கு முன்னால் சொத்து எப்படிக் கைமாறி வந்தது என்று காட்டும் பழைய பத்திரம்தான் அது.

ஆளாளுக்கு ஒரு வழி சொன்னார்கள். எல்லாம் நெட்டில் இருக்கிறது என்றான் தம்பி. நேரே ஆபீஸுக்குப் போ என்றார் பெரியப்பா. பத்திர எழுத்தரிடம் கொடுத்துவிட்டு வேலையைப் பார் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். மூன்றையும் செய்து பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒரு விஷயம். வில்லங்கச் சான்று பத்திரம் ஆகாது. ஒரு சொத்தின்மேல் இன்ன ஆண்டு இன்னார் இன்னாருக்கு எழுதிக்கொடுத்தார், ஆவண எண் இது என்று காட்டும் பட்டியல் அது. பத்திரத்தின் முழு வாசகம் சார்பதிவகத்தின், அதாவது பத்திர ஆபீஸின், 1-ஆம் புத்தகத்தில் இருக்கும். சொத்துப் பத்திரங்கள் ஏறும் பதிவேடு அது. அதிலிருந்து சான்றிட்ட நகல் வாங்கலாம். 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 57-ஆம் பிரிவுப்படி, மூலப் பத்திரத்தில் என்ன எழுதியிருந்தது என்பதற்கு அந்த நகலே சாட்சியம். ஆக, தேடுவது ஒரு வேலை, எடுப்பது இன்னொரு வேலை. இரண்டையும் ஒன்றாக நினைத்துத்தான் முதல் வாரத்தை வீணாக்கினேன்.

செல்போன்

பதிவுத்துறையின் இணையதளத்தில் ஒரு கணக்கைத் தொடங்கிவிட்டால் வில்லங்கத்தைக் காசில்லாமல் பார்க்கலாம். மண்டலம் சேலம், அப்புறம் மாவட்டம், அப்புறம் சார்பதிவகம், கிராமம், புல எண் (சர்வே நம்பர்), உட்பிரிவு. இங்கே சேலம் கிழக்கு, சேலம் மேற்கு என்று இரண்டு பதிவு மாவட்டங்கள் இருப்பதால் தவறான பக்கத்தில் தேடி 'எதுவும் இல்லை' என்று பதில் வாங்குவது ரொம்பச் சுலபம். ராசிபுரத்து நண்பர் ஒருவர் பத்திரத்தில் 'சேலம் மாவட்டம்' என்று இருந்ததை நம்பி இங்கேயே தேடிக்கொண்டிருந்தார். நாமக்கல் 1997-இல் பிரிந்த தனி மாவட்டம். அதற்கு முந்தைய பத்திரங்களில் ராசிபுரமும் சேலம் மாவட்டம்தான்.

இதைவிட மோசமான குழி உட்பிரிவு எண். எங்கள் தோட்டம் இன்றைக்கு 112/3பி1 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை அப்படியே போட்டால் உட்பிரிவு ஆன பிறகு நடந்த பத்திரங்கள் மட்டும் வரலாம். முன்பு அது வெறும் 112/3 ஆகவும், அதற்கும் முன்பு 112 ஆகவும் இருந்திருக்கும். பழைய பத்திரம் அந்த எண்ணில்தான் ஏறியிருக்கும். அதனால் மூன்றையும் தனித்தனியாகப் போட்டுப் பார்க்க வேண்டும். வெறும் 112 போட்டபோது ஊரில் பாதிப் பேருடைய பரிவர்த்தனை வந்து கொட்டியது. உட்கார்ந்து சலிக்க வேண்டியதுதான், வேறு வழியில்லை.

மாநகராட்சிக்குள் இருக்கும் வீட்டுக்கு இன்னொரு சிக்கல். இப்போது அது வார்டு, பிளாக், நகர அளவை எண். பழைய பத்திரங்களிலோ கிராமப் புல எண்தான். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தேடினால் கிடைக்காது. குகை வீட்டுக்கு முதலில் வந்த சான்றில் 1991-இல் அப்பாவும் சித்தப்பாவும் செய்துகொண்ட பாகப்பிரிவினை மட்டும் இருந்தது. பழைய புல எண்ணில் போட்டபோதும் அதற்கு மேல் ஒன்றும் கிடைக்கவில்லை.

இணையத்தில் எவ்வளவு தூரம் பின்னால் போகலாம் என்பது அலுவலகத்துக்கு அலுவலகம் மாறும். பல இடங்களில் 1975 வரை போகிறது. ஆவண எண்ணும் ஆண்டும் கைக்கு வந்துவிட்டால் நகலுக்கும் இணையத்திலேயே பணம் கட்டி மனு போடலாம். அந்தக் கட்டத்தில் இதை அடிக்க வேறு வழி கிடையாது. 1990-க்குப் பிறகு வாங்கிய மனை, அடுக்குமாடி வீடு என்றால் இந்த ஒரு வழியே போதும் என்பேன், ஆபீஸ் வாசலை மிதிக்கவே வேண்டாம்.

பத்திர ஆபீஸ்

தோட்டத்துக்கு அது போதவில்லை. அப்பாவின் 1989 செட்டில்மெண்ட் பத்திரத்தில் இருந்த ஒரே துப்பு, 'கீலக வருஷம் கிரயம் பெற்று' என்ற வரி. எண் கிடையாது, ஆங்கிலத் தேதி கிடையாது. அம்மா விரல் விட்டு எண்ணி 1968 என்றார். சரிதான், ஆனால் கீலக 1968 சித்திரையில் தொடங்கி 1969 பங்குனியில் முடிகிறது. பங்குனியில் எழுதியிருந்தால் ஆவண எண் 1969-ஐச் சேரும். தமிழ் வருஷத்தை வைத்துத் தேடுகிறவர்கள் எப்போதும் இரண்டு ஆண்டுக்கு மனு போடுங்கள்.

ஆபீஸின் பலம் பெயர் அட்டவணை. பதிவுச் சட்டப்படி எழுதிக்கொடுத்தவர், எழுதி வாங்கியவர் பெயர்களுக்கு ஒரு அட்டவணையும் சொத்து விவரத்துக்கு இன்னொன்றும் அங்கே பராமரிக்க வேண்டும். 1-ஆம் புத்தகத்தையும் அதன் அட்டவணைகளையும் கட்டணம் கட்டி யாரும் பார்வையிடலாம், யாரும் நகல் கேட்கலாம். சொத்துக்கு உறவாக இருக்க வேண்டும் என்பதெல்லாம் இல்லை. "உங்களுக்கு என்ன உரிமை?" என்று ஓர் அலுவலகத்தில் (எது என்பது வேண்டாம்) என்னிடம் கேட்டார்கள். 57-ஆம் பிரிவு என்று சொன்ன பிறகு மனுவை வாங்கிக்கொண்டார்கள்.

ஏற்காட்டு ஆபீஸுக்கு இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி இரண்டு நாள் போனேன். முதல் நாள் 'பதிவு இல்லை'. தாத்தா பெயரில் இருந்த முதலெழுத்துதான் காரணம். அவருடைய அப்பா பெயரின் முதலெழுத்தை நாங்கள் போட்டிருந்தோம், அந்தக் காலத்து எழுத்தர் ஊர்ப்பெயரை முன்னால் போட்டு எழுதியிருந்தார். இரண்டாம் நாள் ஊர்ப்பெயரோடு தேடியதும் அகப்பட்டது. ஓரம் மக்கிய தடித் தொகுதியில், நீல மையில், சாய்ந்த கையெழுத்தில் படியெடுத்த பக்கம். வடக்கே ஓடை, கிழக்கே வண்டிப்பாதை, தெற்கே இன்னாருடைய சில்வர் ஓக் மரவரிசை. அந்த மரங்களில் நாலைந்து இன்னும் நிற்கின்றன. மிளகுக்கொடி அவற்றில்தான் ஏறியிருக்கிறது. நகல் கைக்கு வர அதற்கு மேல் இன்னும் சில நாள் ஆனது.

நேரம்தான் இந்த வழியின் விலை. கட்டணம் பெரிதில்லை, போக்குவரத்தும் லீவும்தான் செலவு. இன்னொன்றும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்: அந்த ஆண்டில் உங்கள் கிராமம் எந்தச் சார்பதிவகத்தின் எல்லையில் இருந்தது? எல்லைகள் மாறியிருக்கின்றன. பழைய தொகுதி பழைய அலுவலகத்தில் இருக்கலாம்.

எழுத்தர் கடை

இதைப் பற்றி எனக்கு நல்ல எண்ணம் இருக்கவில்லை. நாமே போடக்கூடிய மனுவை அவர் போட்டுக் காசு வாங்குவார், எவ்வளவு அரசுக் கட்டணம், எவ்வளவு அவர் கூலி என்று பிரித்துச் சொல்ல மாட்டார். இப்போதும் சொல்கிறேன்: ரசீதைக் கேட்டு வாங்குங்கள், மூலப் பத்திரத்தைக் கொடுத்துவிட்டு வராதீர்கள், ஜெராக்ஸ் போதும்.

ஆனால் குகை வீட்டு விஷயத்தை அவிழ்த்தது ஓர் எழுத்தர்தான். வயதானவர். அப்பாவின் பாகப்பிரிவினைப் பத்திரத்தை மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு படித்தார். 'பூர்வீகமாய்ப் பாத்தியப்பட்டு அனுபவித்து வரும்' என்ற இடத்தில் நின்றார்.

"தாத்தாவுக்கு இந்த வீடு அவங்க அப்பாகிட்ட இருந்தா வந்துது தம்பி?"

"இல்லீங்க, அவங்க அத்தை வீடு. அத்தைக்குப் பிள்ளை இல்லை."

"அப்ப கிரயம் இருக்காது. உயிலா இருக்கும். வில்லங்கத்துல அது எப்படி வரும்? 3-ஆம் புத்தகம் கேளுங்க."

வில்லங்கச் சான்று 1-ஆம் புத்தகத்தைப் பார்த்துப் போடுவது. பதிவான உயில்கள் 3-ஆம் புத்தகத்தில். எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவரோ அவருடைய முகவரோதான் நகல் கேட்க முடியும், இறந்த பிறகு யார் மனு போட்டாலும் கொடுக்க வேண்டும். பழைய பவர் பத்திரங்கள் 4-ஆம் புத்தகத்தில் இருந்தால் அவையும் சான்றில் தெரியாது. பதிவே ஆகாத காகிதங்கள் எதிலும் வராது. 'வில்லங்கம் சுத்தம்' என்று சொல்லி மனை விற்கிறவர்களிடம் இதை நினைவில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

தாலுகா, இ-சேவை

சிலர் பட்டா இருக்கிறதே, பத்திரம் எதற்கு என்கிறார்கள். பட்டா வருவாய்த்துறையின் பதிவு, பத்திரத்துக்கு மாற்று ஆகாது. ஆனால் தேடலுக்குத் துணை. பட்டா, சிட்டா, அ-பதிவேடு, புலப்படம் எல்லாவற்றையும் இணையத்திலேயே பார்த்துச் சரியான புல எண்ணை எடுத்துக்கொள்ளலாம். மலையில் இதை முதலில் பார்ப்பது நல்லது. நிபந்தனைப் பட்டாவா (அரசு நிபந்தனையோடு கொடுத்த நிலமா), புறம்போக்கா என்பது தெரியாமல் பத்திரத்தை மட்டும் தேடிப் பயனில்லை. அளவைப் பார்த்து மிரளவும் வேண்டாம். எங்கள் சிட்டாவில் 0.60.5 ஹெக்டேர் என்று இருந்தது. ஓர் ஏர் (ஹெக்டேரில் நூறில் ஒரு பங்கு) 2.47 சென்ட், 60.5 ஏருக்கு 149 சென்ட் சொச்சம். தாத்தாவின் ஒன்றரை ஏக்கர்தான். இ-சேவை மையத்தில் தனியாக எதுவும் இல்லை. செல்போன் பழக்கமில்லாதவர்களுக்கு உதவும்.

என்னைக் கேட்டால், முதல் இரண்டு மாலை செல்போனில், புல எண்ணை எல்லா வடிவிலும் போட்டுப் பார்த்து. ஆவண எண் சிக்கினால் அங்கேயே நகலுக்கு மனு. சிக்காவிட்டால் எழுத்தரிடம் பத்திரத்தைப் படிக்க மட்டும் கொடுத்து, எந்தப் புத்தகம், எந்த ஆண்டு என்று கேட்டுக்கொண்டு, ஆபீஸுக்கு நானே போவேன். பெரியப்பா சொன்ன வழியை முதலில் எடுத்திருந்தால் குகை வீட்டுக்காக 1-ஆம் புத்தகத்தைத் தலைகீழாகப் புரட்டிக்கொண்டு இருந்திருப்பேன்.

கிரயப் பத்திர நகல் வந்துவிட்டது. உயிலுக்கு, தாத்தாவின் அத்தை இறந்ததற்கு ஆதாரம் கேட்டிருக்கிறார்கள். அவர் எந்த ஆண்டு இறந்தார் என்று அம்மா மறுபடி விரல் விட்டுக்கொண்டிருக்கிறார்.