தரையில் விரித்த பத்து இலக்கங்கள்: ரப்பர் மெட், ஒரு தவணைப் பாவனைக்குப் பிறகு

கொட்டாஞ்சேனையில் ஒரு தமிழ்மொழிமூலப் பாடசாலையில் தரம் 1 படிப்பிக்கிறேன். வகுப்பில் 34 பிள்ளைகள். இரண்டாம் தவணை தொடங்கியபோது கைக்காசு போட்டு ஓர் இலக்க மெட் வாங்கினேன். புறக்கோட்டையில் கெய்சர் வீதிப் பக்கம் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் 2,800 ரூபா. ஒன்றோடொன்று கொழுவும் 10 நுரை ரப்பர்ச் சதுரங்கள், ஒவ்வொன்றும் 30 சென்ரிமீற்றர். நடுவில் 0 முதல் 9 வரை கழற்றிப் பூட்டக்கூடிய இலக்கங்கள்.

முதலில் மணத்தைச் சொல்லிவிடுகிறேன். பொதியைப் பிரித்ததும் தலையிடிக்கிற அளவுக்கு இரசாயன மணம். இந்த வகை மெட்டுகளில் போர்மமைட் என்ற, உடம்புக்குக் கூடாத இரசாயனப் பொருள் இருப்பதைக் காரணமாகக் காட்டி 2010இல் பெல்ஜியம் அவற்றின் விற்பனையைத் தடைசெய்தது. நான் வாங்கிய பெட்டியில் அதைப்பற்றி ஒரு வரியும் இல்லை. சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, ஐந்து நாள் பல்கனியில் விரித்துப் போட்டு, மணம் போன பிறகுதான் வகுப்புக்குக் கொண்டுபோனேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

பெட்டிப் படத்தில் செவ்வகமாக அடுக்கியிருப்பார்கள். நான் அப்படி அடுக்கவில்லை. கரும்பலகைக்கும் முதல் வரிசை மேசைகளுக்கும் நடுவில் 0இலிருந்து 9 வரை ஒரே நேர்கோடாகப் போட்டேன். மூன்று மீற்றர் வருகிறது. பூச்சியம்தான் புறப்படும் இடம். தாயக்கட்டைக்குப் பதில் ஒரு மரக்கட்டை, மூன்று பக்கத்தில் ஒரு புள்ளி, மூன்று பக்கத்தில் இரண்டு புள்ளி. உருட்டி, அத்தனை கட்டம் நடக்க வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு.

முதல் நாள் ஒரு பிள்ளை 4இல் நின்றாள். இரண்டு விழுந்தது. "ஒண்டு, ரெண்டு" என்று சொல்லிக்கொண்டே இரண்டு கட்டம் தாண்டி நின்றாள்.

"இப்ப எதில நிக்கிறீங்கள்?" என்று கேட்டேன்.

"ரெண்டில, டீச்சர்."

குனிந்து பார்க்கச் சொன்னேன். காலுக்குக் கீழே 6. அவள் என்னைப் பார்த்தாள், மறுபடி காலைப் பார்த்தாள். அன்றே விதியை மாற்றினேன்: எத்தனை அடி வைத்தோம் என்று சொல்லக்கூடாது, கால் படும் இலக்கத்தைத்தான் சொல்ல வேண்டும். 4இல் நின்று இரண்டு விழுந்தால் "ஐந்து, ஆறு". பார்ப்பதற்குச் சின்ன மாற்றம். ஆனால் 4ஐ மனதில் வைத்துக்கொண்டு அதிலிருந்து மேலே எண்ணுவதுதான் கூட்டலின் வாசல். தவணை முடிவில் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் விரலை மடக்கி ஒன்றிலிருந்து தொடங்குவதை விட்டுவிட்டார்கள். அந்தச் சந்தோஷத்தில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

இது என் கண்டுபிடிப்பு அல்ல. அமெரிக்காவில் உளவியல் ஆய்வாளர்களான ரொபர்ட் சீக்லர், கீதா ரமணி இருவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், 1 முதல் 10 வரை இலக்கமிட்ட நேர்கோட்டுப் பலகையில் பாலர் பிள்ளைகள் நான்கு தடவை, தடவைக்குக் கால்மணி நேரமளவு விளையாடியதற்கே எண்ணறிவு கூடியது. இலக்கமில்லாத நிறக் கட்டங்களில் விளையாடியவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. 2014இல் எலிடா லாஸ்கியும் சீக்லரும் 100 வரையான பலகையில் பார்த்தபோது, கட்டத்தில் உள்ள இலக்கத்தைச் சொல்லி நகர்ந்த பிள்ளைகளுக்கே பலன் கிடைத்தது.

வீட்டில் பாம்பும் ஏணியும் இருக்கிறதே, போதாதா என்று தாய்மார் கேட்கிறார்கள். நல்ல விளையாட்டுத்தான். ஆனால் அந்தப் பலகையில் இலக்கங்கள் இடமிருந்து வலம் போய், அடுத்த வரிசையில் வலமிருந்து இடம் திரும்பும். 4க்கு நேர் மேலே 14 இல்லை, 17 இருக்கிறது. பத்துக் கூட்டினால் எங்கே போவோம் என்று பிள்ளைக்குத் தெரியாது.

அதற்காகவே இரண்டாவது மெட்டும் வாங்கினேன். முதல் வரிசைக்குப் பக்கத்தில், 0க்கு நேரே 0, 1க்கு நேரே 1 என்று இன்னொரு வரிசை. அதில் கால் வைப்பவர் கையில் பத்து ஈர்க்குகளை ரப்பர் பட்டியால் கட்டிய ஒரு கட்டு இருக்க வேண்டும். கட்டோடு 3இல் நின்றால் "பத்தும் மூன்றும் பதின்மூன்று". 3இலிருந்து பக்கத்து 3க்குத் தாண்டினால் பத்துக் கூடிவிட்டது. இங்கே நம் தமிழ் பெரிய உதவி. "லெவன்" என்ற சொல்லில் பத்து ஒளிந்திருப்பதைப் பிள்ளையால் காண முடியாது. பதினொன்றில் பத்தும் ஒன்றும் காதிலேயே கேட்கிறது. கொழும்பில் நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் எண்ணிப் பழகி வருகிறார்கள். தமிழிலும் எண்ணச் சொல்லிக் கொடுங்கள் என்று பெற்றோரைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

சரி, குறைகள். சதுரத்தைப் புரட்டிப் போட்டால் இலக்கம் கண்ணாடியில் தெரிவதுபோல் மாறித் தெரியும். 3ஐயும் 7ஐயும் ஏற்கெனவே திருப்பி எழுதுகிற வயது இது. பின்பக்கம் முழுவதும் கட்டித் தாள் ஒட்டினேன். 6ஐத் தலைகீழாக வைத்தால் 9 ஆகிவிடும், மார்க்கர் பேனையால் அடியில் கோடு போட்டேன். கழற்றிய துண்டுகளைக் கடிக்கிற பிள்ளைகளும் உண்டு; வீட்டில் சின்னவர்கள் இருந்தால் கவனம்.

இரண்டாவது பொதியில் 3 இரண்டு இருந்தது, 8 இல்லை. மறுநாளே கொண்டுபோனேன். பிரித்த பொதியை மாற்ற முடியாது என்று கடையில் சொல்லிவிட்டார்கள். பிரிக்காமல் எப்படி எண்ணுவது என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை. மனம் நொந்துதான் வெளியே வந்தேன். வாங்குகிறவர்கள் காசு கொடுக்குமுன் அங்கேயே பிரித்து, பத்துத் துண்டையும் எண்ணிப் பாருங்கள். என் வகுப்பில் இரண்டாவது வரிசையின் 8 இப்போது மட்டைப்பெட்டியில் வெட்டியது. இரண்டு கிழமைக்கு ஒரு தடவை புதிதாக வெட்டுகிறேன்.