விழுந்தவன் எழும்புகிறானா? சின்னப் பிள்ளைகளுக்கான பகிடிப் படங்கள் ஓர் ஒப்பீடு

என் மகனுக்கு இரண்டே முக்கால் வயது. இப்போதைக்கு அவனுக்குப் பெரிய பகிடி, யாராவது தடக்கி விழுவதுதான். கதிரையிலிருந்து தலையணை சரிந்தாலே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான். அடுத்த வீட்டுச் சிங்களக் குடும்பத்தின் மகளுக்கு நாலு வயது ஆகப்போகிறது. பின்னேரங்களில் அவளும் எங்கள் வீட்டில்தான். அவளுக்குத் தமிழ் அரைகுறை, இவனுக்குச் சிங்களம் அறவே இல்லை. அதனால் திருகோணமலை உவர்மலையில் இருக்கும் எங்கள் வீட்டில் பேச்சில்லாத பகிடிப் படங்களைத் தேடத் தொடங்கினேன். சில மாதங்களாகத் திரையைப் பார்த்ததைவிட இந்த இரண்டு முகங்களைப் பார்த்ததுதான் அதிகம்.

விழுந்து எழும்பும் பகிடி எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். எனக்கு அவற்றைப் பிரித்துக் காட்டியது ஒரேயொரு கேள்வி: விழுந்த பிறகு என்ன நடக்கிறது? விழுந்தவரின் முகத்தைப் பார்க்கப் பிள்ளைக்கு நேரம் கிடைக்கிறதா, அவர் எழும்புகிறாரா, பக்கத்தில் நிற்பவர் கை கொடுக்கிறாரா? இரண்டு வயதுப் பிள்ளை ஒரு விழுகையைப் பார்த்ததும் முதலில் சிரிப்பதில்லை. ஒரு கணம் நிதானிக்கும், 'நோகுதா?' என்று பார்க்கும். நோகவில்லை என்று தெரிந்த பிறகுதான் சிரிப்பு வரும். அந்த ஒரு கணத்தைக் கொடுக்காத படம் இந்த வயதுக்குச் சரிவராது.

இந்தக் கணக்கில் முதலிடம் பிங்குவுக்கு. ஓட்மார் குட்மான் உருவாக்கிய இந்தக் களிமண் பென்குவின் 1990இல் சுவிஸ் தொலைக்காட்சியில் வந்தது. ஒரு கதை ஐந்து நிமிடம்தான். பேசுவது எந்த நாட்டு மொழியும் இல்லை. பழைய தொடரில் எல்லாப் பாத்திரங்களுக்கும் குரல் கொடுத்தவர் கார்லோ பொனோமி என்ற ஒரே இத்தாலியக் கலைஞர். அவருடைய அர்த்தமில்லாத சத்தங்களில் கோபம், கெஞ்சல், செல்லம் எல்லாம் அப்படியே விளங்கும். எங்கள் வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே நேரத்தில் விளங்கிய முதல் மொழி அதுதான்.

பிங்கு பனியில் சறுக்கி மோதினால் மாவுருண்டை மாதிரி நசுங்கி, பிறகு மெல்ல மெல்லப் பழைய உருவத்துக்கு வருவான். அந்த 'மெல்ல மெல்ல'வில்தான் விஷயம் இருக்கிறது. முதல் தடவை அதைப் பார்த்தபோது மகன் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தான். பிறகு என் மூக்கைத் தொட்டான். அதற்குப் பிறகுதான் சிரித்தான். பிங்கு குழப்படிக்காரன், தங்கை பிங்காவோடு பொறாமைப்படுவான். ஆனால் கதை முடிவதற்குள் பெரும்பாலும் சமாதானமாகிவிடுவான். ஒன்றை மட்டும் தவிர்த்துவிடுங்கள்: பிங்குவின் கனவில் பெரிய வால்ரஸ் ஒன்று துரத்தும் கதை. பெரிய பிள்ளைகளே பயப்படுவார்கள்.

பிங்குவைவிடவும் மென்மையானது செக் நாட்டு அகழெலி, அவர்கள் மொழியில் க்ர்தெக். ஸ்டெனெக் மிலெர் 1957இல் முதல் படத்தைச் செய்தார். அதில் பேச்சு உண்டு. பிறகு வந்தவற்றில் பேச்சைக் குறைத்து, தன் மகள்மாரின் சிரிப்பையும் சின்னச் சின்னச் சத்தங்களையும் குரலாக வைத்தார். ஒரு குழந்தை கேட்கும் முதல் பகிடிக்கு இதைவிட நல்ல குரல் எனக்குத் தெரியாது. அகழெலி மண்ணுக்குள்ளிருந்து தலையை நீட்டுவான், ஏதாவது தலையில் வந்து விழும், திகைப்பான், சிரிப்பான். விழுகை குறைவு, நிதானம் அதிகம். இரண்டு வயதுக்கு நான் இதைத்தான் சொல்வேன். நாலு வயதுக்காரிக்கு இது காணாது. அவள் பாதியில் எழும்பிப் போய்விடுவாள்.

அவளுக்குப் பிடித்தது ஷோன் த ஷீப். பிரிஸ்டலில் உள்ள ஆர்ட்மன் நிறுவனத்தின் தொடர், 2007இல் தொடங்கியது, ஏழு நிமிடக் கதைகள். ஒரு சொல்லும் இல்லை. எனக்கும் மிகவும் பிடித்த தொடர். ஆனால் பிங்குவோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். ஷோனின் பகிடி திட்டத்தில் இருக்கிறது: ஆடுகள் கமக்காரருக்குத் தெரியாமல் ஒன்றைச் செய்ய, காவல்நாய் பிட்சர் இடையில் அகப்பட்டு முழிக்கும். யாருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று பிடிபட்டால்தான் சிரிக்கலாம். நாலு வயதுக்காரி கமக்காரர் வரும் முன்பே "எனவா, எனவா!" (வாறார், வாறார்!) என்று சிங்களத்தில் கத்துகிறாள். மகன் அவளைப் பார்த்துச் சிரிக்கிறான், படத்தைப் பார்த்தல்ல. அதே நிறுவனம் 2009இல் சின்னப் பிள்ளைகளுக்கென்றே டிம்மி டைம் செய்தது. பாலர் பாடசாலையில் குட்டி ஆடு, பத்து நிமிடக் கதை, ஒவ்வொரு குட்டி மிருகமும் தன் தன் சத்தம் மட்டும் போடும். இரண்டு வயதுக்கும் நாலு வயதுக்கும் நடுவில் ஒரு பாலம் வேண்டுமென்றால் அதை எடுக்கலாம்.

துரத்தி அடிக்கும் கார்ட்டூன் வகைக்கு வருகிறேன். ஒருநாள் உறவினர் வீட்டில் அந்த வகையில் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்ததும் மகன் அகப்பையை எடுத்து அம்மம்மாவின் முழங்காலில் ஓங்கி அடித்தான். அடித்துவிட்டு அவருடைய தலைக்கு மேலே பார்த்துக்கொண்டு நின்றான். நட்சத்திரங்கள் சுற்றும் என்று காத்திருந்தான். அம்மம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அதைக் கண்டதும் அவனுக்கு அழுகை. "பிள்ளைக்கு ஏசாதே, அவனுக்கு நோகுமெண்டு தெரியாது" என்றார் அம்மம்மா. உண்மைதான், அவன் பார்த்த படத்தில் யாருக்கும் நோகவில்லை.

இந்த வகையின் உச்சம் டொம் அன்ட் ஜெரி. 1940இல் தொடங்கியது, ஏழு ஒஸ்கார் வாங்கியது, இசைக்கும் அசைவுக்கும் நேரம் பிடித்திருப்பதை இன்றும் வியந்து பார்க்கலாம். ஆனால் அது திரையரங்கில் எல்லா வயதினரும் பார்க்க எடுத்த படம். அடி, அடுத்த அடி, அதற்கடுத்த அடி என்று போகும். முகத்தைப் பார்க்க நேரமில்லை. ஆறு, ஏழு வயது வரட்டும், நானே பக்கத்தில் இருந்து போட்டுக் காட்டுவேன்.

மிஸ்டர் பீன், பிங்குவுக்கும் டொம் அன்ட் ஜெரிக்கும் நடுவில். 1990இல் தொடங்கிய, கார்ட்டூன் அல்லாத, நடிகர் நடித்த தொடரில் முகமே முழுக் கதை. மகனுக்கு அது நன்றாகப் பிடிக்கும். ஆனால் அதில் அடிக்கடி வரும் நீல நிற மூன்று சில்லுக் காரைக் கவிழ்த்துவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விடுவார். விழுத்தியவர் திரும்பியும் பார்ப்பதில்லை. மூன்று சில்லு என்றாலே "ஓட்டோ!" என்று துள்ளும் பிள்ளை, அது கவிழ்ந்ததும் என் முகத்தைப் பார்த்தான். தெரிவுசெய்த காட்சிகள் போதும்.

எங்கள் தமிழ்ப் பகிடியை ஏன் சேர்க்கவில்லை என்று அம்மம்மா கேட்டார். நாகேஷின் உடம்பு வளைவதைப் பார்க்க மகனுக்கு ஆசைதான். ஆனால் 1964இல் வந்த 'காதலிக்க நேரமில்லை'யில் அவர் பாலையாவுக்குக் கதை சொல்லும் இடம் பேச்சில்தான் உயிர் வாழ்கிறது. கவுண்டமணி, செந்தில் பகிடியில் அடியும் ஏச்சும் சேர்ந்தே வரும். இரண்டு வயதுப் பிள்ளை அதில் முதலில் பொறுக்கி எடுப்பது ஏச்சைத்தான். தமிழ்ச் சிரிப்பை இப்போதைக்கு அம்மம்மாவின் வாயிலிருந்தே கேட்கட்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது: இரண்டு வயது ஆகும்வரை திரை வேண்டாம், இரண்டு முதல் நாலு வயது வரை நாளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது. எங்கள் வீட்டில் இரண்டு பிங்கு, பத்து நிமிடம். முன்கூட்டியே இறக்கி வைத்துவிடுகிறேன், அடுத்த வீடியோ தானாக ஓடுவதை நிறுத்திவிடுகிறேன். முடிந்ததும் டச்சுக் குடாக் கரைக்கு நடை. அங்கே மணலில் அவள் பிங்கு மாதிரி வயிற்றால் சறுக்கி விழ, அவன் ஓடிப்போய்க் குனிந்து முகத்தைப் பார்க்கிறான். அவள் கண்ணைத் திறந்து சிரிக்கும்வரை கையை நீட்டியபடியே நிற்கிறான்.