சில்ஃப்ரா, ஸ்கேப்பா ஃப்ளோ: டிரை சூட்டோடு சில ஆண்டுகள்

அந்தமானிலோ மாலத்தீவிலோ ஸ்கூபா கற்றுக்கொண்டவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "அந்தக் குளிரை எப்படித் தாங்குகிறீர்கள்?" என்றுதான். தாங்கலாம். சில ஆண்டுகளாக ஒரு டிரை சூட்டை (தண்ணீர் உள்ளே புகாத முழு உடலுடை) சென்னை வீட்டில் வைத்துக்கொண்டு, விடுமுறை அமையும்போது ஐஸ்லாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் தூக்கிப் போய்க்கொண்டிருக்கிறேன். சூட்டின் துணி இதுவரை ஒருமுறைகூடக் கைவிட்டதில்லை. கவனம் கேட்பதெல்லாம் அதன் ஓரங்கள்: மணிக்கட்டு, கழுத்து, ஜிப். வாங்க நினைப்பவர்களும், அங்கே போய் வாடகைக்கு எடுக்க நினைப்பவர்களும் துணியை விட்டுவிட்டு அந்த ஓரங்களைத்தான் பார்க்க வேண்டும்.

என்னுடையது ட்ரைலாமினேட் வகை. மெல்லிய மூன்றடுக்குத் துணி, தனக்கென்று வெப்பம் எதுவும் தராது. தண்ணீரை வெளியே நிறுத்துவது மட்டும்தான் அதன் வேலை. சூடு தருவது உள்ளே போடும் அண்டர்சூட்டும் அதில் தங்கும் காற்றும். நியோப்ரீன் (குமிழ்கள் நிறைந்த ரப்பர்) டிரை சூட் தானும் கொஞ்சம் சூடு தரும். ஆனால் கனம் அதிகம், காய நேரம் பிடிக்கும், ஆழம் கூடக்கூட நசுங்கி மெலியும். விமானத்தில் எடை பார்த்து ஏறுகிறவர்களுக்கு ட்ரைலாமினேட்தான் சரி. சாயங்காலம் தொங்கவிட்டால் காலையில் காய்ந்திருக்கும்.

உள்ளே பருத்தி பனியன் வேண்டவே வேண்டாம். கரையில் உடை மாற்றும்போதே வியர்க்கும், பருத்தி அந்த ஈரத்தைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் நம்மை நடுங்க வைக்கும். மெரினோ கம்பளி உடலை ஒட்டி, அதன்மேல் தடித்த அண்டர்சூட். பேட்டரியால் சூடாகும் உள்சட்டையும் போட்டுப் பார்த்தேன். சுகமாகத்தான் இருந்தது. ஆனால் ஆழத்தில் உடல் சூடாக இருந்து, மேலே ஏறும் நேரத்தில் பேட்டரி நின்று குளிர்ந்தால், ஆழத்தில் உடலில் கரைந்த நைட்ரஜன் வெளியேறுவது மந்தமாகும், அது டைவருக்கு ஆபத்து. ஏறும்போதுதான் உடல் சூடாக இருக்க வேண்டும். அதனால் அதை நம்பி அண்டர்சூட்டை மெலிதாக்கக் கூடாது.

சரி, சில்ஃப்ராவுக்கு வருவோம். ஐஸ்லாந்தின் திங்வெட்லிர் தேசியப் பூங்காவில், வட அமெரிக்கப் புவித்தட்டும் யூரேசியப் புவித்தட்டும் ஆண்டுக்குச் சுமார் 2 செ.மீ. விலகிக்கொண்டிருக்கும் பள்ளத்தாக்கில், 1789 நிலநடுக்கங்களில் திறந்த பிளவு அது. லாங்யோகுட்ல் பனியாறு உருகிய நீர் எரிமலைப் பாறைக்குள் பல பத்தாண்டுகள் ஊறி, வடிகட்டப்பட்டு இங்கே வெளிவருகிறது. அதனால்தான் 100 மீட்டர் தாண்டியும் பார்வை போகிறது. ஆண்டு முழுவதும் 2 முதல் 4 டிகிரி. நீரோட்டம் இருப்பதால் கடுங்குளிர்காலத்திலும் உறைவதில்லை. முங்கியபடியே ஒரு வாய் குடிக்கலாம், நல்ல தண்ணீர். மீன் பார்க்கப் போகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். பாறையில் முடிக்கற்றையாக ஆடும் பச்சைப் பாசி, நீலம், வெளிச்சம், அவ்வளவுதான். எனக்கு அது போதும். முதல் அகன்ற பகுதியைக் கடந்து, கதீட்ரல் என்று அழைக்கப்படும் நீண்ட பிளவுக்குள் நுழையும்போது கீழே தெரியும் கற்களுக்கும் நமக்கும் நடுவில் தண்ணீர் இருப்பதே மறந்துபோகும். உலகில் வேறெங்கும் எனக்கு அப்படி வாய்த்ததில்லை.

அங்கே விதிகள் கண்டிப்பானவை, அது நல்லதும்கூட. 18 மீட்டருக்குக் கீழே போகக் கூடாது, குகைகளுக்குள் நுழையக் கூடாது. டிரை சூட் பயிற்சிச் சான்றிதழோ, பதிவேட்டில் போதிய டிரை சூட் டைவ்களோ காட்ட வேண்டும். இந்தப் பயிற்சியை விடுமுறையின் முதல் நாளோடு சேர்த்து அவசரமாக முடிக்க நினைக்காதீர்கள். சூட்டுக்குள் இருக்கும் காற்று நம் இஷ்டத்துக்கு நிற்காது. 10 மீட்டர் இறங்கினாலே அதன் கன அளவு பாதியாகும், சூட் உடலைக் கவ்வும். மார்பிலுள்ள வால்வை அழுத்திச் சின்னச் சின்னதாகக் காற்று சேர்க்க வேண்டும். ஏறும்போது அதே காற்று விரியும். இடது முழங்கையை உயர்த்தினால் மேல்கையிலுள்ள வால்வு வழியாக வெளியேறும். காற்று காலுக்குப் போய்விட்டால் தலைகீழாகத் தூக்கிவிடும், அப்போது முழங்காலை மடக்கி உருண்டு எழ வேண்டும். இதையெல்லாம் கை தானாகச் செய்கிற அளவுக்குப் பழகியிருந்தால்தான் கண் சில்ஃப்ராவைப் பார்க்கும்.

இனி அந்த ஓரங்கள். சில்ஃப்ராவில் என் உடம்பு குளிர்ந்ததாக நினைவில்லை. கைகள் குளிர்ந்திருக்கின்றன. வாடகைக்குப் பெரும்பாலும் தண்ணீர் உள்ளே புகும் நியோப்ரீன் கையுறைதான் தருவார்கள். 20 நிமிடம் தாண்டினால் விரல் மரத்துப்போகும். மரத்த விரலால் கிளிப்பைக் கழற்ற முடியாது, வால்வின் பட்டனை அழுத்தினோமா இல்லையா என்பதும் தெரியாது. அதனால் கையுறையைப் பாதுகாப்புக் கருவியாகவே நான் பார்க்கிறேன். நான் பயன்படுத்துவது வளையத்தில் பூட்டும் உலர் கையுறை, உள்ளே கம்பளிக் கையுறை. மணிக்கட்டு சீலுக்கு (தண்ணீர் புகாமல் தோலைக் கவ்வும் பட்டை) அடியில் ஒரு மெல்லிய கயிற்றுத் துண்டைச் செருகிவிட்டால் சூட்டின் காற்று கைக்கும் போகும், ஆழத்தில் கையுறை நசுங்காது. கையுறை கிழிந்தால் அதே வழியில் தண்ணீர் சூட்டுக்குள் வரும் என்பதையும் தெரிந்துகொண்டே செய்ய வேண்டும்.

சிலிண்டர் காற்றை மூச்சுக்கு ஏற்ற அழுத்தத்தில் தரும் ரெகுலேட்டர் பற்றியும் சொல்லியாக வேண்டும். சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் இருக்கும் காற்று ரெகுலேட்டரின் ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் (சிலிண்டரோடு பொருந்தும் பகுதி) சட்டென்று 10 பார் அளவுக்கு இறங்கும்போது கடுமையாகக் குளிரும். ஏற்கெனவே தண்ணீர் 2 டிகிரி. உள்ளே பனி கட்டினால் வால்வு திறந்தபடியே சிக்கிக்கொள்ளும், காற்று கொட்டத் தொடங்கும். இதைத்தான் ஃப்ரீ ஃப்ளோ என்கிறோம். ஒரு குளிர்காலத்தில் என்னோடு முங்கியவரின் வாடகை ரெகுலேட்டர் இப்படிப் போனது. வழிகாட்டி உடனே தன் மாற்று ரெகுலேட்டரைக் கொடுத்து, அவரது சிலிண்டரை மூடி, எல்லோரையும் மேலே கொண்டுவந்தார். அன்றைய டைவ் அதோடு முடிந்தது. ஐரோப்பிய ஈஎன் 250 தர முத்திரையோடு "10 டிகிரிக்கு மேல்" என்ற குறி பொறித்திருந்தால் அந்த ரெகுலேட்டர் குளிர்நீருக்கானது இல்லை. வாடகைக்கு எடுக்கும்போது அதைப் பாருங்கள். தண்ணீருக்குள் போகும்வரை அதில் மூச்சு விட வேண்டாம், நம் மூச்சின் ஈரம்தான் முதலில் உறையும். சொந்த ரெகுலேட்டரைக் கொண்டுபோகிறவர்கள் டின் (DIN) இணைப்பாக, அதாவது சிலிண்டர் வால்வுக்குள் திருகி மாட்டும் வகையாக, மாற்றிக்கொள்வது நல்லது. ஐரோப்பாவில் அதுதான் வழக்கம்.

ஸ்கேப்பா ஃப்ளோ முற்றிலும் வேறு உலகம். ஸ்காட்லாந்தின் வடக்கே, ஆர்க்னித் தீவுகளுக்கு நடுவே இருக்கும் இயற்கைத் துறைமுகம். முதல் உலகப் போர் முடிந்து அங்கே தடுத்து வைக்கப்பட்டிருந்த ஜெர்மன் கடற்படையின் 74 கப்பல்களை, அட்மிரல் லுட்விக் ஃபான் ராய்ட்டர் 1919 ஜூன் 21 அன்று மூழ்கடிக்கச் சொன்னார். 52 மூழ்கின. பெரும்பாலானவற்றைப் பின்னர் தூக்கிவிட்டார்கள். எஞ்சியவற்றில் மூன்று பெரிய போர்க்கப்பல்களும் க்ரூசர் எனப்படும் சிறிய போர்க்கப்பல்கள் நான்கும் முக்கியமானவை. கோடையில் தண்ணீர் 12 டிகிரி வரை ஏறும். சில்ஃப்ராவிலிருந்து வருகிறவர்களுக்கு அது இதமாகத் தோன்றும், ஆனால் இங்கே டைவ் நீளம், ஆழமும் அதிகம். க்ரூசர் க்யோல்ன் சுமார் 35 மீட்டரில் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கிறது. மங்கலான பச்சை நீரில் டார்ச் வெளிச்சம் பட்டு அதன் இரும்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியும்போது, நூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு நாளைத் தொட்டுவிடும் தூரத்தில் நிற்கிறோம் என்ற உணர்வு இன்னும் எனக்கு மாறவில்லை. தயவுசெய்து அங்கிருந்து எதையும் எடுக்காதீர்கள், அவை சட்டப் பாதுகாப்பில் உள்ளவை. நன்னீரான சில்ஃப்ராவில் மூழ்கச் சரியாக அமைந்த ஈய எடையோடு இங்கே முங்கவும் முடியாது. உப்பு நீருக்கு இன்னும் இரண்டு மூன்று கிலோ ஈயம் சேர்க்க வேண்டும்.

டைவ்களைவிட இந்தச் சூட்டைச் சோதிப்பது சென்னை வெயில்தான். முதலில் இருந்த லேட்டக்ஸ் கழுத்து சீல், வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் பிசுபிசுத்துப் போனது. பரணிலோ காரிலோ இதை வைக்கவே கூடாது. நன்னீரில் அலசி, உள்ளும் வெளியும் நிழலில் உலர்த்தி, வாசனை சேர்க்காத டால்க் பவுடர் தூவி, குளிர்ச்சியான அலமாரியில் தளர்வாகச் சுருட்டி வைக்கிறேன். பித்தளை ஜிப்பைத் திறந்தே வைத்து மெழுகு தடவ வேண்டும், கூர்மையாக மடித்தால் பற்கள் விட்டுப்போகும். இப்போது வளையத்தில் மாட்டும் சிலிக்கான் சீலுக்கு மாறிவிட்டேன். தோலுக்கு மென்மையாக இருக்கிறது, ஆனால் நகம் பட்டால் கிழியும். நல்லவேளை, படகிலேயே சில நிமிடத்தில் மாற்றிவிடலாம். அதனால் கழுத்துக்கு ஒன்று, மணிக்கட்டுக்கு ஒரு ஜோடி என்று எப்போதும் பையில் இருக்கும்.

எப்போதாவது ஒருமுறை போகிறவர்கள் சூட் வாங்க வேண்டியதில்லை, அங்கே கிடைப்பவை போதுமானவை. அண்டர்சூட்டும் உள் கையுறையும் மட்டும் சொந்தமாக எடுத்துப்போங்கள். வாடகைச் சூட்டைப் போட்டதும் கழுத்து சீலுக்குள் இரண்டு விரல் விட்டுப் பாருங்கள். தலை கிறுகிறுக்கும் அளவுக்கு இறுக்கமென்றால் கூச்சப்படாமல் வேறு அளவு கேளுங்கள். முடி ஏதாவது சீலுக்கு அடியில் மாட்டியிருக்கிறதா என்பதையும் கூட வருபவரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மயிரிழை போதும், முதுகு வழியாகத் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருக்கும்.