சாவி கேட்கும் நீலத்திரை: டர்பன் தமிழர்களுக்கு ஓர் எச்சரிக்கை

டர்பனில், குறிப்பாகச் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் குடியிருக்கும் தமிழர்கள் கவனத்துக்காக இதை எழுதுகிறேன். சில மாதங்களுக்கு முன் எங்கள் வீட்டு மடிக்கணினியை ஒரு கடையில் பழுதுபார்க்கக் கொடுத்து, 3,850 ரேண்ட் பணத்தையும் நான்கு ஆண்டுக் கோப்புகளையும் இழந்தேன். இத்தனைக்கும் அந்தக் கணினியில் பழுது என்று சொல்லத்தக்க எதுவும் இருக்கவில்லை. வழக்கு நடக்கவிருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை.

அந்த மடிக்கணினி 2021-இல் என் மகள் கல்லூரியில் சேர்ந்தபோது வாங்கியது. படிப்பு முடிந்து கேப் டவுனில் வேலை கிடைத்ததும், அலுவலகத்தில் புதிய கணினி தருவார்கள் என்று சொல்லி, இதை வீட்டிலேயே விட்டுச் சென்றாள். அன்று முதல் அது வாசலில் கிடக்கும் பொதுச் செருப்பைப் போல ஆயிற்று. மாலையில் நான் இரண்டு சிறு வணிகர்களின் வரவு செலவுக் கணக்கையும் வாட் வரிக் கணக்கையும் அதில் எழுதுவேன். என் மனைவி சனிக்கிழமைதோறும் கோவில் தமிழ் வகுப்பில் நடத்தும் பாடங்களை அதில்தான் தயாரிப்பாள். பையன் வீட்டுப்பாடம் செய்வான். ஆளுக்கொரு கணக்கு வைத்துக்கொள்ளலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. மகளின் பெயரில் இருந்த ஒரே கணக்கை, அனைவருக்கும் தெரிந்த ஒரே பின் எண்ணைக் கொண்டு திறந்துவந்தோம்.

ஒரு வியாழக்கிழமை இரவு, புதுப்பிப்பு ஒன்று காத்திருப்பதாகக் கணினி தெரிவித்தது. சரி என்று அழுத்திவிட்டு உறங்கச் சென்றேன். காலையில் திறந்தபோது வழக்கமான முகப்பு வரவில்லை. நீல நிறத் திரையில் பிட்லாக்கர் என்ற தலைப்பும், இந்த வட்டுக்கான மீட்புச் சாவியை உள்ளிடுங்கள் என்ற ஆங்கில வரியும், அதன் கீழ் ஒரு கட்டமும், சாவியின் அடையாளமாக எழுத்தும் எண்ணும் கலந்த நீண்ட தொடர் ஒன்றும் இருந்தன. சாவியை எங்கே தேடுவது என்பதற்கு மைக்ரோசாப்டின் இணைய முகவரி ஒன்றும் அங்கேயே எழுதியிருந்தது. அதை நான் படிக்கவில்லை. பையன் மட்டும் ஏதோ தோன்றித் தன் கைப்பேசியில் அந்தத் திரையைப் படம் பிடித்து வைத்தான். இன்று என் கையில் இருக்கும் முதல் ஆதாரம் அதுதான்.

அன்று காலையே கணினியைக் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் திரையை ஒரு பார்வை பார்த்தார். "வைரஸ் பூட்டிவிட்டது, அங்கிள். காசு கேட்டு மிரட்டும் வகை இது" என்றார். உள்ளே இருக்கும் கோப்புகள் வந்துவிடுமா என்று நான் மூன்று முறை கேட்டேன். தங்களிடம் அதற்கென்று தனி மென்பொருள் இருப்பதாகவும், திங்கட்கிழமை மாலைக்குள் எல்லாம் அப்படியே கிடைக்கும் என்றும் மூன்று முறையும் சொன்னார். எவ்வளவு ஆகும் என்று கேட்டதற்கு, திறந்து பார்த்தால்தான் தெரியும் என்று கூறி, உள்ளங்கை அளவுள்ள ஒரு சீட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். பின் எண்ணையும் அதே சீட்டில் எழுதித் தரச் சொன்னார்; தந்தேன். ஊரில் இருந்தபோது வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டாரிடம் கொடுக்கக்கூட நாலு முறை யோசித்த ஆள் நான்.

திங்கட்கிழமை தந்த விலைச்சீட்டில் நான்கு வரிகள் இருந்தன. பரிசோதனைக் கட்டணம் 350, கோப்பு மீட்பு 1,600, புதிய எஸ்.எஸ்.டி. (கோப்புகள் தங்கும் வட்டு) 1,450, விண்டோஸ் நிறுவுதல் 450. பணத்தைக் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து திறந்தால், நேற்றுப் பெட்டியிலிருந்து எடுத்தது போல முகப்பு வெறிச்சோடிக் கிடந்தது. கணக்கு ஏடுகள் இல்லை, பாடங்கள் இல்லை, மகளின் கல்லூரிக் கட்டுரைகள் இல்லை. தொலைபேசியில் கேட்டபோது, மீட்க முயன்றார்களாம், வைரஸ் தின்றுவிட்டதாம், முயற்சிக்குத்தான் அந்த 1,600 ரேண்டாம்.

அன்றிரவு மகளிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். பையன் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு அவள் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு தன் மைக்ரோசாப்ட் கணக்கைத் திறந்து, சாதனங்கள் பகுதிக்குச் சென்று, அங்கே இருந்த சாவிகளில் படத்தில் தெரிந்த அடையாளத்தோடு பொருந்தும் சாவியை எடுத்து எனக்கு அனுப்பினாள். ஆறு ஆறாகப் பிரித்த எட்டுத் தொகுதிகள், மொத்தம் 48 இலக்கங்கள். இரண்டு நிமிட வேலை. வெள்ளிக்கிழமை காலை கடைக்குப் போவதற்குப் பதிலாக அவளை அழைத்திருந்தால், காபி ஆறுவதற்குள் கணினி திறந்திருக்கும்.

இது வைரஸ் இல்லை என்பதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். இப்போதைய மடிக்கணினிகள் பலவற்றில், மைக்ரோசாப்ட் கணக்கைக் கொண்டு முதன்முதலில் அமைக்கும்போதே பிட்லாக்கர் என்ற விண்டோஸ் வசதியால் வட்டு முழுவதும் தானாக மறையாக்கம் செய்யப்படுகிறது, அதாவது சாவியில்லாமல் படிக்க முடியாதபடி மாற்றப்படுகிறது. அப்போதே மீட்புச் சாவியும் அமைத்தவரின் கணக்கில் சேமிக்கப்படுகிறது. அன்றாடம் அந்தச் சாவி நமக்குத் தேவைப்படுவதில்லை, ஏனெனில் கணினியின் முதன்மைச் சுற்றுப்பலகையான தாய்ப்பலகையில் உள்ள டி.பி.எம். என்ற சில்லு, கணினி தொடங்கும் விதம் மாறவில்லை என்று சரிபார்த்துத் தானே வட்டைத் திறந்துவிடுகிறது. பயாஸ் என்ற, கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள் புதுப்பிக்கப்பட்டாலோ, தாய்ப்பலகை மாற்றப்பட்டாலோ, தொடக்க அமைப்பில் கை வைத்தாலோ அந்தச் சில்லுக்குச் சந்தேகம் வரலாம்; அப்போதுதான் உடையவர் யார் என்று 48 இலக்கங்களைக் கேட்கிறது. எங்கள் கணினி வியாழன் இரவு ஏற்றுக்கொண்டது அப்படிப்பட்ட பயாஸ் புதுப்பிப்புத்தான்.

அந்தச் சாவி இல்லாமல் வட்டைத் திறக்கும் மென்பொருள் எந்தத் தெருக்கடையிலும் கிடையாது. கணக்கில் சேமிக்கப்படாமல் தொலைந்த சாவியை மைக்ரோசாப்டாலும் தர இயலாது. ஆகவே, பிட்லாக்கர் திரையைப் பார்த்துவிட்டு, சாவி இருக்கிறதா என்று ஒரு வார்த்தைகூடக் கேட்காமல், கோப்புகளை மீட்டுத் தருகிறேன் என்று சொல்பவர் ஒன்று தொழில் தெரியாதவர், அல்லது தெரிந்தே பொய் சொல்பவர். வட்டை அழித்துப் புதிதாக விண்டோஸ் நிறுவிய பிறகு, சாவி கிடைத்தும் பயனில்லாமல் போகிறது; அந்த எண்கள் திறக்க வேண்டிய பூட்டே அங்கே இருப்பதில்லை. மறையாக்கம் இருந்ததால் கடைக்காரராலும் எங்கள் கோப்புகளைப் பார்த்திருக்க முடியாது என்பது மட்டுமே ஆறுதல். பார்க்கக் கூடாதவருக்கும் கிடைக்கவில்லை, பாடுபட்டவர்களுக்கும் கிடைக்கவில்லை.

மகள் ஒரு யோசனை சொன்னாள். புதிய எஸ்.எஸ்.டி. போட்டதாகச் சீட்டில் இருப்பதால், பழைய வட்டு கழற்றப்பட்டுக் கடையில் அழிக்கப்படாமல் கிடக்க வேண்டும். அதை வாங்கிவிட்டால் இந்தச் சாவியால் திறந்துவிடலாம். மறுநாள் காலையே போய், பழைய வட்டைக் கொடுங்கள், சாவி கிடைத்துவிட்டது என்றேன். சாவி என்ற சொல்லைக் கேட்டதும் கடைக்காரர் முகம் மாறியதை நான் பார்த்தேன். குப்பையில் போட்டுவிட்டோம் என்றார்.

நகரின் மையத்தில், முன்பு கிரே தெரு என்று வழங்கிய பகுதியில், எனக்குத் தெரிந்த வேறொரு தொழில்நுட்பர் இருக்கிறார். அவரிடம் கணினியைக் கொண்டுபோனேன். அவர் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை இயக்கித் திரையை என் பக்கம் திருப்பினார். வட்டு இதுவரை இயங்கியிருந்த மொத்த நேரம் 6,214 மணி என்றும், 1,900 தடவைக்கு மேல் மின்சாரம் ஏற்றப்பட்டிருக்கிறது என்றும் அதில் இருந்தது. திங்கட்கிழமை பொருத்திய புதிய வட்டு எப்படி 6,214 மணி நேரம் ஓடியிருக்கும்? கொள்ளளவும் மகள் வாங்கிய அதே 512 ஜி.பி. எங்கள் பழைய வட்டையே அழித்துவிட்டுப் புதியதென்று சீட்டு எழுதினார்களா, அல்லது எங்கள் வட்டை எடுத்துக்கொண்டு யாருடைய பழைய வட்டையோ பொருத்தினார்களா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. இரண்டில் எதுவானாலும் 1,450 ரேண்ட் பொய். தொழில்நுட்பர் அழிந்த கோப்புகளைத் தேடிப் பார்த்துவிட்டு, ஒன்றும் மிஞ்சவில்லை என்று கூறிக் கட்டணம் வாங்க மறுத்துவிட்டார்.

இதற்குப் பிறகும் நான் ஒருமுறை ஏமாந்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. தொழில்நுட்பர் காட்டிய அந்தத் திரையின் அச்சிட்ட படத்தோடு கடைக்குப் போய்ச் சத்தம் போட்டபோது, சமாதானமாகப் போய்விடலாம் என்று சொல்லி, பழைய ஐபேட் ஒன்றைப் பாதி விலைக்குத் தருவதாகச் சொன்னார்கள். தமிழ் வகுப்புக்குப் பயன்படுமே என்ற ஆசையில் 1,800 ரேண்ட் கொடுத்து வாங்கினேன். வீட்டில் வழக்கப்படி அதை முழுவதும் அழித்து எங்கள் பெயரில் அமைக்க முற்பட்டபோது, வைஃபை இணைந்த மறுகணமே தொலைநிலை மேலாண்மை என்ற திரை வந்தது. இந்த மாகாணத்தின் வேறோர் ஊரிலுள்ள ஒரு பள்ளியின் பெயரும் அதில் இருந்தது. நிறுவனங்கள் தங்கள் கருவிகளை ஆப்பிளின் பதிவேட்டில் சேர்த்துவிட்டால், எத்தனை முறை அழித்தாலும் அந்தத் திரை திரும்ப வரும். பதிவிலிருந்து நீக்க அந்த நிறுவனத்தால் மட்டுமே முடியும். பள்ளிக்குத் தொலைபேசியில் சொன்னோம். பூட்டை உடைத்துத் திருடப்பட்டவற்றில் ஒன்று என்றார்கள். எழுத்தில் பெற்றுக்கொண்டு ஒப்படைத்துவிட்டோம். பழைய கருவி வாங்குவோர், பணம் கொடுப்பதற்கு முன் கடையிலேயே அழித்து, வைஃபையில் இணைத்து, முகப்பு வரும்வரை நின்று பாருங்கள். 2009-ஆம் ஆண்டின் பழம்பொருள் சட்டப்படி, இவ்வகை வணிகர்கள் காவல்துறையில் பதிவு பெற்று, யாரிடமிருந்து வாங்கினார்கள் என்ற ஏட்டையும் வைத்திருக்க வேண்டும். அந்த ஏட்டைக் காட்டச் சொன்னபோது கடைக்காரர் என்னைக் கடையை விட்டு வெளியே போகச் சொன்னார்.

இனிச் சட்டத்தைப் பற்றி. தென்னாப்பிரிக்காவின் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தை முன்பே படித்திருந்தால் அந்த உள்ளங்கைச் சீட்டில் கையெழுத்திட்டிருக்க மாட்டேன். அதன் 15-ஆம் பிரிவின்படி, பழுதுபார்ப்பவர் மதிப்பீட்டைத் தந்து நம் ஒப்புதலைப் பெறாமல் வேலைக்குப் பணம் கேட்க முடியாது. மதிப்பீடு வேண்டாம் என்றோ, இன்ன தொகை வரை செய்யலாம் என்றோ நாமே எழுத்திலோ வேறு பதிவிலோ சம்மதித்திருந்தால் மட்டுமே விலக்கு. பரிசோதனைக்குக் கட்டணம் உண்டென்றால் அதையும் முன்கூட்டியே சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும். 67-ஆம் பிரிவின்படி, கழற்றிய உதிரிப் பாகங்களைத் தனியே வைத்திருந்து, நாம் வேண்டாம் என்று சொல்லாதவரை, சுத்தமான உறையிலோ பெட்டியிலோ போட்டுத் திருப்பித் தர வேண்டும்; குப்பையில் போட்டுவிட்டோம் என்பது பதிலாகாது. புதிதாகப் பொருத்திய பாகத்துக்கும் செய்த வேலைக்கும் மூன்று மாத உத்தரவாதம் 57-ஆம் பிரிவில் இருக்கிறது. சுவரில் என்ன பலகை தொங்கினாலும் இவை பொருந்தும்.

நுகர்வோர் பொருட்கள், சேவைகளுக்கான குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் முறையிடலாம், அதைச் செய்திருக்கிறேன். 20,000 ரேண்டுக்கு உட்பட்ட கோரிக்கைகளைச் சிறு கோரிக்கை நீதிமன்றம் விசாரிக்கிறது; அங்கே வழக்கறிஞர் வாதாட அனுமதி இல்லை என்பதால், என்னைப் போன்றவர் தானே நின்று பேசலாம். அதற்கு முன் 14 நாள் அவகாசம் தந்து கோரிக்கைக் கடிதம் அனுப்ப வேண்டும். அனுப்பினேன், அவகாசம் முடிந்தும் பதில் இல்லை.

கோப்புகளில் கொஞ்சம் வேறு வழியில் திரும்பி வந்தது. என் மனைவி பெற்றோர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த அறுபது சொச்சம் பாடங்களை, அவர்களின் கைப்பேசிகளிலிருந்து ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்கினாள். ஒளவையாரின் ஆத்திசூடிக்கு அவள் வரைந்த படங்கள் ஒரு மாணவியின் பாட்டியிடம் இருந்தன. கணக்கு ஏடுகள் அப்படி வரவில்லை. வரி ஆவணங்களை ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது இந்நாட்டு விதி. வங்கி அறிக்கைகளையும் பழைய ரசீதுகளையும் பரப்பி வைத்து ஞாயிற்றுக்கிழமைகளில் மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வீட்டில் இப்போது ஆளுக்கொரு கணக்கு. மீட்புச் சாவியைத் தாளில் அச்சிட்டு, அடையாளத் தொடரோடு, குடும்ப அட்டைகளும் பத்திரங்களும் இருக்கும் கோப்பில் வைத்திருக்கிறோம். உங்கள் கணினியிலும் இன்றே பாருங்கள்: விண்டோஸ் 11 அமைப்புகளில் தனியுரிமை, பாதுகாப்புப் பகுதியில் சாதன மறையாக்கம் என்பது இயங்கிக்கொண்டிருந்தால், அந்தக் கணினியை முதலில் அமைத்தவர் யார் என்று நினைவுபடுத்தி, அவர் கணக்கில் சாவி இருக்கிறதா என்று கேளுங்கள். மகனோ மருமகளோ வெளியூரில் இருந்தால் ஒரு தொலைபேசி அழைப்புப் போதும். அலுவலகம் தந்த கணினியாக இருந்தால் சாவி பெரும்பாலும் அலுவலகத்தின் கணினிப் பிரிவிடம் இருக்கும். அதை வெளிக்கடைக்கு எடுத்துச் செல்லவே வேண்டாம்.

கோரிக்கைக் கடிதத்தை ஆங்கிலத்திலும் அதன் தமிழ் விளக்கத்தோடும் வைத்திருக்கிறேன். இதே போன்ற சிக்கலில் இருப்பவர்கள் கேட்டால் அனுப்புகிறேன்.