இரட்டை வட்டு நாஸ் பெட்டி: பல்லாண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகும் தீராத ஒரு மனக்குறை

கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டத்தில் திருமணப் படப்பிடிப்பு நிலையம் நடத்தும் நண்பர் ஒருவர், என் அலுவலகத்தில் இருக்கும் நாஸ் பெட்டியின் (வலைப்பின்னல் வழியே கோப்புகளைச் சேமித்து வைக்கும் வட்டுப் பெட்டியின்) விலை இணையக் கடையில் கணிசமாகக் குறைந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "அண்ணே, வாங்கிப் போடட்டா?" என்று தொலைபேசியில் கேட்டார். ஒரு சொல்லில் பதில் கூற முடியாத கேள்வி என்பதால்தான் இவ்வளவு எழுத வேண்டியிருக்கிறது. தயாரிப்பு நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. நான் சொல்லப்போகும் குறை, அதே குறியாக்க முறையை (கோப்புகளைப் பிறர் படிக்க இயலாதபடி மறைத்து எழுதும் முறையை) கையாளும் எந்தப் பெட்டிக்கும் பொருந்தும். வட்டுகள் இரண்டு, ஒன்றில் எழுதுவது மற்றதிலும் அப்படியே எழுதப்படும் என்பன போன்ற அடிப்படை விவரங்கள் வாசிப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

என் தொழில் தக்கலையில், பழைய ஆதாரங்களை, அதாவது நிலப் பத்திரங்களை, தமிழாக்கம் செய்து கொடுப்பது. 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. அதற்கு முந்தைய நில ஆவணங்கள் பல மலையாளத்தில், கொல்லம் ஆண்டு என்னும் மலையாள ஆண்டுக் கணக்கில் எழுதப்பட்டவை. இன்று ஒரு குடும்பம் பாகம் பிரிக்கவோ, வழக்குத் தொடுக்கவோ, வங்கியில் கடன் கேட்கவோ முற்படும்போது முன் ஆதாரத்தின் தமிழாக்கம் தேவைப்படுகிறது. அவர்கள் கொண்டுவரும் தாள் சில வேளைகளில் கரையான் அரித்தும், மடிப்புகளில் கிழிந்தும், தொட்டால் உதிரும் நிலையிலும் இருக்கும். நான் எடுக்கும் ஸ்கேன் படமே அந்த ஆதாரத்தின் வாசிக்கத்தக்க கடைசி வடிவமாகிவிடுவதும் உண்டு. எனவே கோப்புகளைப் பாதுகாப்பது எனக்கு வசதி சார்ந்த காரியம் அன்று, வாடிக்கையாளருக்கு நான் பட்டிருக்கும் கடமை.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் இந்த மாவட்டத்தைத் தாக்கியபோது மரங்களோடு மின்கம்பங்களும் சாய்ந்து, பல ஊர்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்ததை இங்குள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கோப்புகளை மேசைக் கணினி ஒன்றை மட்டும் நம்பி வைக்கலாகாது என்ற எண்ணம் அப்போது உறுதிப்பட்டு, மறு ஆண்டு இந்தப் பெட்டியை வாங்கினேன். அன்றுமுதல் இது நிறுத்தமின்றி உழைத்து வருகிறது. நடுவில் ஒரு வட்டு பழுதாயிற்று. பெட்டி ஒலி எழுப்பி எச்சரித்தது, மற்ற வட்டில் வேலை தடையின்றித் தொடர்ந்தது, புதிய வட்டைச் செருகியதும் மறுநாள் காலைக்குள் எல்லாவற்றையும் அதில் மீண்டும் எழுதிவிட்டது. ஒரு கோப்புக்கும் சேதமில்லை. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்யும் ஊரில், ஈரம் காயாத அறையில், இத்தனை காலம் இயங்கும் ஒரு கருவியைப் பாராட்டாமல் இருப்பது நியாயமாகாது. மின்தடை மட்டும் சற்றுத் தொல்லை. இன்வெர்ட்டரின் பின்புறச் சுவிட்சை யுபிஎஸ் நிலையில் வைத்தால் பெட்டி அணையாமல் தாங்கிக்கொள்கிறது. பேட்டரி முழுதும் தீர்ந்து திடீரென நின்றுபோனால், மின்சாரம் வந்தபின் இரு வட்டுகளையும் ஒப்பிட்டுச் சரிபார்க்க மணிக்கணக்கில் எடுத்துக்கொள்கிறது. அதையும் நான் குறையாகச் சொல்லமாட்டேன்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. சென்ற ஆண்டு மேசைக் கணினியின் வட்டை மாற்றவேண்டி வந்தது. பழுது பார்த்த பிறகு, பெட்டியிலிருந்து கோப்புகளைத் திரும்ப எடுத்தேன். அருமனைப் பகுதியைச் சேர்ந்த ஒருவருக்கான தமிழாக்கத்தைத் தேடியபோது அவருடைய கோப்புறை இருந்தது, அதனுள் ஸ்கேன் படங்கள் இருந்தன, தமிழாக்கம் இல்லை. மற்ற கோப்புறைகளையும் திறந்து பார்த்தேன். ஆங்கிலப் பெயரிட்டவை எல்லாம் இருந்தன. சுருக்கமான தமிழ்ப் பெயர் கொண்டவையும் இருந்தன. நீளமான தமிழ்ப் பெயர் கொண்டவை மட்டும் எங்கும் காணப்படவில்லை. பூதப்பாண்டியில் உறவினர் வீட்டில் தனி வட்டு ஒன்றில் வைத்திருந்த நகலில் அவை அனைத்தும் பத்திரமாக இருந்ததால் இழப்பு ஏற்படவில்லை. ஆனால் அந்த ஓர் இரவு நான் பட்ட பதற்றத்தை எந்த விலைக்குறைப்பும் ஈடு செய்யாது.

காரணத்தைத் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். பெட்டிக்குள் இயங்குவது லினக்ஸ் என்னும் இயங்குதளம். அதன் எக்ஸ்ட்4 கோப்பமைப்பில் (கோப்புகளை வட்டில் அடுக்கி வைக்கும் முறையில்) ஒரு கோப்பின் பெயர் 255 பைட் வரை இருக்கலாம்; பைட் என்பது கணினி எழுத்துகளைச் சேமிக்கும் அளவின் அலகு. என் வாடிக்கையாளர்களின் ஆவணங்களில் அடையாள எண்களும் கையொப்பங்களும் இருப்பதால், பெட்டி களவு போனாலும் யாரும் படிக்க இயலாதபடி அவற்றைக் குறியாக்கம் செய்த கோப்புறையில் வைத்திருக்கிறேன். அந்தக் குறியாக்கத்தைச் செய்யும் இகிரிப்ட்எஃப்எஸ் என்னும் அடுக்கு, கோப்பின் உள்ளடக்கத்தோடு பெயரையும் மறைத்து எழுதுகிறது. மறைத்து எழுதிய பெயர் மூலப் பெயரைவிட நீண்டுவிடுவதால், நாம் இடும் பெயருக்கு மிஞ்சுவது 143 பைட் மட்டுமே.

ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு 143 பைட் என்றால் 143 எழுத்து. தமிழில் அப்படியன்று. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் தேவை. புள்ளி, கால், கொம்பு போன்ற துணைக்குறிகளும் தனித்தனியே எண்ணப்படுகின்றன. 'கோ' என்பது நமக்கு ஓர் எழுத்து. கணினிக்கு அது ககரமும் ஓகாரக் குறியுமாக இரண்டு, அதாவது 6 பைட். என் அலுவலகக் கோப்பு ஒன்றின் பெயரையே எடுத்துக்கொள்வோம்: 'விளவங்கோடு வட்டம் மலையாள ஆதாரம் தமிழ் மொழிபெயர்ப்பு'. பள்ளிப் பிள்ளை எண்ணினால் இதில் 28 எழுத்துகள். கணினி எண்ணினால் 46 குறிகள், 138 பைட். இடைவெளிகள் ஐந்தும், பிடிஎஃப் என்ற பின்னொட்டும் அதன் புள்ளியும் சேர்ந்து 147 பைட். நான்கு பைட் கூடிவிட்ட காரணத்தால் ஒரு குடும்பத்தின் ஆதாரத் தமிழாக்கம் பெட்டிக்குள் நுழையவில்லை. விண்டோஸோ பைட்டைக் கணக்கில் கொள்ளாமல் தன் 16 பிட் அலகுகளில் 255 வரை இடம் தருகிறது. அதில் இந்தப் பெயர் 55 அலகுகளே. எனவே மேசைக் கணினியில் எந்தத் தடையும் தென்படுவதில்லை.

பெயரைச் சுருக்கினால் தீர்ந்துவிடும் என்று சிலர் சொல்லக்கூடும். இதை நான் ஏற்கமாட்டேன். ஒரே குடும்பத்துக்குப் பாக ஆதாரம், ஒற்றி ஆதாரம், இஷ்டதான ஆதாரம் என்று பல இருக்கும். ஊர், கொல்லம் ஆண்டு, ஆவண வகை ஆகியவை பெயரிலேயே இருந்தால்தான் அலுவலகத்தில் யார் தேடினாலும் உரியது கையில் கிடைக்கும். என்னிடம் வேலை செய்பவர்கள் தமிழில் தேடுகிறவர்கள். அவர்கள் மொழியில் பொருள் விளங்கும்படி பெயரிடுவது ஆவணக் காப்பின் முதல் வேலை. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொது எண் தரும் யூனிகோடின், 1991-இல் வெளிவந்த முதல் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றுவிட்டது. அதற்குப் பிறகு இத்தனை ஆண்டுகள் கழித்தும், நம் எழுத்தில் நாலைந்து சொற்களை அடுத்தடுத்து எழுதினால் ஒரு கருவி மறுக்கிறது என்றால், மாறவேண்டியது கருவிதான்.

தொழில்நுட்ப வரம்பு ஒன்று இருப்பதைக்கூட என்னால் பொறுத்துக்கொள்ள முடிகிறது. எந்தக் கோப்பமைப்புக்கும் ஏதோ ஓர் எல்லை இருக்கத்தான் செய்யும். பொறுக்க முடியாதது அந்த மறுப்பு தெரிவிக்கப்பட்ட விதம். பெட்டியோடு வந்த நகலெடுப்பு மென்பொருள், இரவுதோறும் வேலை முடிந்ததும் பச்சை நிறத்தில் 'முடிந்தது' என்றே காட்டி வந்தது. விடுபட்ட கோப்புகளின் பட்டியல் உள்ளே வேறொரு பதிவேட்டில் இருந்தது. அதைத் தேடித் திறந்தபோது, தமிழ்ப் பெயர்கள் இருக்கவேண்டிய இடங்களில் வரிசையாகக் கேள்விக்குறிகள். எந்தக் கோப்பு போயிற்று என்பதை அந்தப் பட்டியலைக் கொண்டு யாராலும் சொல்ல முடியாது. வட்டு பழுதானபோது அறை முழுதும் கேட்கும்படி ஒலி எழுப்பிய அதே பெட்டி, கோப்புகளை ஏற்க மறுத்தபோது வாய் திறக்கவில்லை.

இப்போது நான் பின்பற்றும் முறை இது. ஒவ்வொரு வாடிக்கையாளரின் கோப்புறையையும் 7-ஜிப் மென்பொருளால் ஒரே கோப்பாகக் கட்டி, உள்ளிருக்கும் பெயர்களையும் மறைக்கும் தெரிவோடு 256 பிட் ஏஇஎஸ் என்னும் முறையில் குறியாக்கம் செய்து, வரிசை எண்ணை மட்டும் பெயராக இட்டுப் பெட்டிக்கு அனுப்புகிறேன். உள்ளே தமிழ்ப் பெயர் எவ்வளவு நீளமாக இருந்தாலும் பெட்டி அதைப் பார்ப்பதில்லை. நகலெடுக்க, விண்டோஸிலேயே இருக்கும் ரோபோகாப்பி கட்டளையைப் பயன்படுத்துகிறேன். அதில் யூனிலாக் என்ற தெரிவைச் சேர்த்தால் பதிவேடு யூனிகோடில் எழுதப்படுவதால், தமிழ்ப் பெயர்கள் சிதையாமல் இருக்கின்றன. ஒரே ஒரு பக்கம் வேண்டுமென்றாலும் முழுக் கட்டையும் இறக்கிப் பிரிக்க வேண்டியிருப்பது இதிலுள்ள சிரமம். பெட்டி செய்யவேண்டிய வேலையை நான் செய்கிறேன் என்ற எரிச்சல், ஒவ்வொரு முறையும் கட்டும்போது எழத்தான் செய்கிறது.

நண்பருக்கு என் பதில்: வாங்கவேண்டாம். மேலே இவ்வளவு பாராட்டியபின் இப்படிச் சொல்வது பொருத்தமற்றதாகத் தோன்றலாம். உழைப்பில் இதை மிஞ்சும் மின்கருவி என் அலுவலகத்தில் இல்லை என்பதும் உண்மை. ஆயினும் காப்பு நகலுக்கென்று வாங்கும் பொருள், தான் எதைக் காக்கவில்லை என்பதை உரிமையாளரிடம் தெளிவாகச் சொல்லவேண்டும். அதில் தவறிய ஒன்றைப் பிறருக்குப் பரிந்துரைக்க என் மனம் ஒப்பவில்லை. மணமக்கள் பெயரையும் மண்டபத்தின் பெயரையும் தமிழில் இட்டு வைக்கும் அவருக்கு இது என்னைவிடக் கூடுதலாக இடிக்கும். அவரிடம் பழைய மேக் கணினி இருப்பதால் இன்னொன்றையும் அவர் அறிந்திருக்க வேண்டும். அக்கணினியின் பழைய கோப்பமைப்பு 'கோ', 'கொ' போன்றவற்றின் துணைக்குறியை இரண்டாகப் பிரித்துச் சேமிக்கிறது. அதனால் குறிகளின் எண்ணிக்கை மேலும் கூடுவதோடு, கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும் இரு பெயர்கள் பெட்டிக்குள் இரு வேறு கோப்புகளாக நிற்கவும் கூடும்.

அந்தப் பணத்தில் அவர் இரண்டு தனி வெளிவட்டுகள் வாங்கலாம். முழு வட்டையும் விண்டோஸின் பிட்லாக்கர் போன்ற முறையில் குறியாக்கினால் கோப்புப் பெயர்களைத் தனித்தனியே மறைக்கவேண்டிய தேவை எழாததால், இந்த 143 பைட் வரம்பும் இல்லை. ஒன்றை நிலையத்திலும் மற்றொன்றைக் குலசேகரத்திலுள்ள அவருடைய வீட்டிலும் வைத்து, வாரந்தோறும் மாற்றிக்கொண்டால், புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் எடுத்துரைத்த 3-2-1 முறையில் (மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வேறு இடத்தில்), மூன்று பிரதிகள், அவற்றுள் ஒன்று வேறு இடத்தில் என்ற அளவுக்காவது அவர் வந்துவிடுவார். இரட்டை வட்டுப் பெட்டி எவ்வளவு நல்லதானாலும் ஒரே இடத்தில் இருக்கும் ஒரே பிரதியாகத்தான் கணக்கில் வரும். ஒரு வட்டில் அழித்தது அந்தக் கணமே மற்றதிலும் அழிந்துவிடும்.

வேறு நிறுவனத்தின் பெட்டியை வாங்க நினைப்பவர்கள் கடைக்காரரிடம் ஒன்றைக் கேட்டுச் செய்து பார்க்கவேண்டும். மேலே நான் கொடுத்த விளவங்கோட்டுப் பெயரை அப்படியே ஒரு வெற்றுக் கோப்புக்கு இட்டு, குறியாக்கம் செய்த கோப்புறைக்கு அந்தப் பெட்டியின் சொந்த மென்பொருளைக் கொண்டே அனுப்புங்கள். கோப்பு போய்ச் சேர்ந்ததா என்று பாருங்கள். சேரவில்லையென்றால் அதைத் திரையில், தமிழில் வாசிக்கும்படி, கோப்பின் பெயரோடு சொல்கிறதா என்றும் பாருங்கள்.