நைலாக் நட், மூன்று வருஷம்: கழலவில்லை, ஆனால் தளர்ந்தது

புதிதாக வண்டி கட்ட ஆரம்பித்திருக்கும் நண்பர் போன வாரம் கேட்டார்: "சஸ்பென்ஷனுக்கு முழுக்க நைலாக் போட்டால் போதும்தானே?" நைலாக் என்றால் உள்ளே நைலான் வளையம் வைத்த நட். அந்த வளையம் போல்ட்டின் மரையைக் கவ்விக்கொள்வதால் நட் தானாகக் கழலாது. மூன்று மாதத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் யோசிக்காமல் ஆமாம் என்றிருப்பேன். முன் இடது சக்கரத்தைப் பிடிக்கும் கீழ் ஆர்ம் சட்டத்தில் மாட்டும் பிராக்கெட்டை வெட்டியெடுத்துவிட்டுப் புதிதாக வெல்ட் வைத்து முடித்த கையோடு இதை எழுதுகிறேன்.

வண்டி கோவையில் வீட்டுப் பின்கட்டு ஷெட்டில் குழாய் வைத்துக் கட்டியது. மாருதி 800 இன்ஜின், முன்னால் டபுள் விஷ்போன், அதாவது ஒவ்வொரு சக்கரத்துக்கும் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு ஆர்ம். ரோட்டுக்குப் போகாது, செட்டிப்பாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே ரேஸ் டிராக்கில் மட்டும் ஓடும்.

நைலாக்குக்குச் சேர வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதற்கு முன் ஸ்பிரிங் வாஷர் போட்டு ஓட்டிய நாட்களில், டிராக்கிலிருந்து திரும்பினால் இரண்டு மூன்று நட்டாவது விரலாலேயே சுற்ற வரும். ஸ்பிரிங் வாஷர் முழுசாக முறுக்கியதும் தட்டையாகிவிடுகிறது. அப்புறம் அது வெறும் வாஷர்தான். நாசாவின் 1990 ஃபாஸ்டனர் (நட், போல்ட்) கையேடே பூட்டுவதற்கு அது உதவாது என்கிறது. நைலாக் மாற்றிய பிறகு ஒரு நட்டுகூடக் கீழே விழவில்லை. பிரேக், எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் போடவில்லை, ஏனென்றால் 120 டிகிரிக்கு மேல் நைலான் தாங்காது. கழற்றிய நட்டைத் திரும்பப் போடும்போது விரலாலேயே நைலானைத் தாண்டிப் போனால், அது நேரே குப்பைக்கு.

நட்டிலிருந்து பிராக்கெட் வரை மஞ்சள் நெயில் பாலிஷில் ஒரு கோடு இழுத்து வைப்பேன். நட் சுற்றினால் கோடு உடையும். டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தால் ஐந்து நிமிஷத்தில் வண்டி முழுக்கப் பார்த்துவிடலாம். இத்தனை வருஷத்தில் எனக்கு இவ்வளவு நிம்மதி கொடுத்த சாமான் வேறு இல்லை.

அந்த நிம்மதிதான் என்னை ஏமாற்றியது.

பிரேக் பிடிக்கும்போது முன் இடதில் "டக்" என்று ஒரு சத்தம். கோட்டைப் பார்த்தேன், மயிரிழைகூட விலகவில்லை. ஸ்பேனர் போட்டு லேசாக இழுத்தேன், நட் கெட்டியாக இருந்தது. சரி, பால் ஜாயின்ட்டாக இருக்கும் என்று அதை மாற்றினேன். அடுத்து ஸ்டீயரிங் ராக்கைச் சந்தேகப்பட்டேன். இரண்டு டிராக் நாள் வீண். கடைசியில் கீழ் ஆர்ம் போல்ட்டை உருவினால், வாஷருக்கு அடியில் பவுடர் கோட்டிங் (பிராக்கெட் மேல் பூசிய கெட்டிப் பெயின்ட்) பொடிந்து, செங்கல் தூள் நிறத்தில் துருப்பொடி கொட்டியது. 10 மி.மீ. ஓட்டை முட்டை வடிவத்தில் 11 மி.மீ. ஆகியிருந்தது. கெட்டியாக இருந்தது நைலான் வளையம் போல்ட் மரையைக் கவ்விய பிடி மட்டும்தான். பிராக்கெட்டைச் சேர்த்து அழுத்தும் பிடி எப்போதோ போய்விட்டது.

லேத் அண்ணன் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "நட்டைத் திட்டாதீங்க தம்பி, பெயின்ட் மேலயா போல்ட் போடுவீங்க?" என்றார்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். 60 மி.மீ. பிடிமானத்தில் ஒரு எம்10 (10 மி.மீ. தடிமன்), 8.8 வலுத் தரப் போல்ட்டை முழு டார்க்குக்கு (முறுக்கு விசைக்கு) முறுக்கினால் அது நீளுவது ஏறத்தாழ 0.1 மி.மீ.தான். அந்த நீட்சிதான் பிடி. பவுடர் கோட்டிங் ஒரு பரப்புக்கு 60 முதல் 100 மைக்ரான் இருக்கும். ஆர்மை இருபுறமும் பிடிக்கும் பிராக்கெட் தகடுகள்தான் காது, அந்த இரண்டு காதுக்கும் உள்ளும் புறமுமாக நான்கு பரப்பு. அதில் பாதி நசுங்கினாலே பிடி முழுக்கப் போய்விடும், நட் ஒரு டிகிரிகூடச் சுற்ற வேண்டியதில்லை. பிடி போனதும் இணைப்பு பக்கவாட்டில் வழுக்கும். இப்படி வழுக்கும் அசைவுதான் நட்டையே கழற்றிவிடும் என்று ஜெர்மன் பொறியாளர் யுங்கர் 1969இலேயே காட்டியிருக்கிறார். என் வண்டியில் நைலான் நட்டைக் கழல விடாமல் பிடித்துக்கொண்டது, அதனால் வழுக்கல் ஓட்டையைத் தின்றது.

இப்போது வாஷர் உட்காரும் இடத்திலும் புஷ் (ஆர்ம் முனையில் போல்ட் நுழையும் உருளை) குழாய் தொடும் இடத்திலும் பெயின்ட்டை வெறும் இரும்பு வரை சுரண்டிவிட்டேன். புஷ்ஷின் உள் குழாய் பிராக்கெட் இடைவெளியை விட அரை மி.மீ. குட்டையாக இருந்ததையும் அப்போதுதான் பார்த்தேன். அப்படியிருந்தால் முறுக்கும் பலமெல்லாம் காதை வளைக்கவே செலவாகும். சரியான அளவில் புதுக் குழாய் கடைந்து வாங்கினேன். 45 நியூட்டன் மீட்டர் முறுக்கி, ஐம்பது கிலோமீட்டர் ஓடியபின் டார்க் ரெஞ்சில் மறுபடி பார்த்தேன். அசையவில்லை. "டக்" சத்தமும் இல்லை.

நியாயமாகப் பார்த்தால் நைலாக் மேல் தப்பே இல்லை. இத்தனை தளர்ந்தும் அது விடாமல் பிடித்ததால்தான் சக்கரம் என்னோடு வீடு வந்து சேர்ந்தது. ஆனாலும் அந்தக் கீழ் ஆர்ம் போல்ட்டில் இனி நைலாக் போட மாட்டேன். துளை போட்ட போல்ட், தலையில் பள்ளம் வெட்டிய கேசில் நட், அந்தப் பள்ளத்திலும் துளையிலும் நுழைத்து மடக்கிவிடும் ஸ்பிளிட் பின் வாங்கி வைத்துவிட்டேன். நட்டின் பள்ளம் போல்ட் துளைக்கு நேராக வரும்வரை இன்னும் கொஞ்சம் முறுக்க வேண்டிவரும், தெரியும். ஆனால் இதில் நைலான் கவ்வல் இல்லை, அதனால் ஸ்பிளிட் பின்னை உருவினால் நட் எவ்வளவு பிடித்திருக்கிறது என்று ஸ்பேனரே சொல்லும், எனக்கு அது போதும்.

ஞாயிற்றுக்கிழமை பின் ஆர்ம்களைக் கழற்றப் போகிறேன். அங்கேயும் வாஷருக்கு அடியில் பெயின்ட் இருக்கிறது.