உலகின் தலைசிறந்த கண்டுபிடிப்பு எது? குக்கர் மூடிக்கு ஒரு மதிப்புரை

சக்கரமா, அச்சு இயந்திரமா, தடுப்பூசியா, கணினியா? எந்தப் பட்டிமன்றம் வைத்தாலும் பெரும்பாலும் இந்த நான்கு அணிகள்தான். நான்குக்கும் பேச நிறைய இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் தினமும் நம் வீட்டிலேயே சத்தம் போட்டு ஆஜர் கொடுக்கும் ஒரு வேட்பாளரை யாரும் மேடையேற்றுவதில்லை. பிரஷர் குக்கரைத்தான் சொல்கிறேன். குறிப்பாக அதன் மூடியை. அடிப்பாத்திரம் வெறும் பாத்திரம், அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

மூடியைக் கழற்றிப் பாருங்கள். நடுவில் ஆவி வெளியேற ஒரு சிறு குழாய். அதன் தலையில் உட்கார ஒரு வெயிட், நாம் விசில் என்று சொல்வது. கொஞ்சம் தள்ளி, சட்டைப் பொத்தான் அளவில் சேஃப்டி வால்வ். அதன் நடுவில் சாம்பல் நிறத்தில் ஓர் உலோக அடைப்பு. விளிம்பைச் சுற்றி ரப்பர், அதாவது கேஸ்கெட். பிறகு கைப்பிடி. மொத்தச் சாமானே இவ்வளவுதான். இதில் சென்சார் இல்லை, மின்சாரம் இல்லை, படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அளவுமானியும் இல்லை.

இந்த எளிமைக்குள் என்ன கணக்கு ஓடுகிறது என்று பாருங்கள். வீட்டுக் குக்கர்கள் பெரும்பாலும் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ அழுத்தத்தில் வேலை செய்கின்றன. வெளியே இருக்கும் காற்றழுத்தத்துக்கு மேல் இது கூடுதல். அந்த அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் ஏறக்குறைய 120 டிகிரி வரை போகிறது. இருபது டிகிரிதான் வித்தியாசம், ஆனால் பருப்பு வேகும் நேரம் மூன்றில் ஒரு பங்காகிவிடுகிறது. ஊட்டியில் இன்னும் தெளிவாகத் தெரியும். 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் கொண்டைக்கடலையை எவ்வளவு நேரம் கொதிக்கவிட்டாலும் சூடு அதற்கு மேல் ஏறாது. மலையில் குக்கர் இல்லாமல் சமையல் இல்லை என்பது சும்மா பேச்சில்லை.

சரி, அந்த 1 கிலோ அழுத்தத்தை யார் அளக்கிறார்கள்? வெயிட்தான். ஆவித் துளையின் விட்டம் 4 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் அதன் பரப்பு 0.126 சதுர சென்டிமீட்டர். அதன்மேல் 126 கிராம் எடையை வைத்தால், உள்ளே சரியாக 1 கிலோ அழுத்தம் சேரும்போது எடை மேலே எழும்பும், ஆவி சீறும், அழுத்தம் இறங்கும், எடை திரும்ப உட்காரும். அதே நேரத்தில் 20 செ.மீ. விட்டமுள்ள மூடியை ஆவி தள்ளும் விசை எவ்வளவு தெரியுமா? 314 கிலோ. நான்கைந்து ஆள் பாரத்தை 126 கிராம் இரும்புத் துண்டு நிர்வாகம் செய்கிறது. ஆவி அடங்கும்முன் மூடியோடு மல்லுக்கட்டுகிறவர்கள் இந்த எண்ணை ஒருமுறை நினைத்துக்கொண்டால் போதும்.

இந்த எடை வால்வுக்கு வயது 340-க்கு மேல். பிரான்ஸில் பிறந்த டெனி பாப்பின் 1679-இல் லண்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியில் ஒரு கனத்த மூடிய பாத்திரத்தைக் காட்டினார். எலும்பை மென்மையாக்கி ஏழைகளுக்கு உணவாக்கலாம் என்பது அவர் நினைப்பு. மூடிய பாத்திரம் வெடிக்கும் என்பது புரிந்ததும், ஒரு சிறு துளை, அதை மூட ஒரு நெம்புகோல், அதில் நகர்த்தக்கூடிய ஓர் எடை என்று அமைத்தார். 1682 ஏப்ரல் 12 அன்று அந்தப் பாத்திரத்தில் சமைத்து ராயல் சொசைட்டி உறுப்பினர்களுக்கு விருந்து வைத்தார். விருந்தில் இருந்த ஜான் ஈவ்லின், கெட்டியான மாட்டு எலும்பும் ஆட்டு எலும்பும் பாலாடைக்கட்டி போல மென்மையாகிவிட்டன என்றும், அதற்கு எட்டு அவுன்ஸ் நிலக்கரிகூட ஆகவில்லை என்றும் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். எட்டு அவுன்ஸ் என்றால் சுமார் 225 கிராம். எரிபொருள் மிச்சம் என்று இன்றைக்கும் குக்கர் பெட்டியில் அச்சடிக்கும் அதே விளம்பரம்.

பாப்பின் அங்கே நிற்கவில்லை. ஆவியால் பிஸ்டனை நகர்த்தலாம் என்று 1690-இல் எழுதினார். 1712-இல் இங்கிலாந்தின் தாமஸ் நியூகோமன் செய்த நீராவி எஞ்சின் சுரங்கத் தண்ணீரை இறைத்தது. பிறகு ரயில், ஆலை, கப்பல். நீராவி எஞ்சின்தான் தலைசிறந்தது என்று வாதாட வருகிற அணி இங்கேதான் மாட்டிக்கொள்ளும். உயர் அழுத்த பாய்லரை மனிதன் பக்கத்தில் நின்று இயக்க முடிந்ததே, தேவைக்கு மேல் சேர்ந்ததை வெளியே விட ஒரு வால்வு இருந்ததால்தான்.

அந்த வால்வை அடைத்தபோது என்ன நடந்தது என்பதற்குச் சாட்சிகள் உண்டு. 1803-இல் லண்டனுக்குப் பக்கத்தில் கிரீனிச்சில் ரிச்சர்ட் டிரெவிதிக் என்ற பொறியாளரின் பாய்லர் வெடித்து நான்கு பேர் இறந்தார்கள். பார்த்துக்கொள்ள வேண்டிய பையன் விலாங்கு மீன் பிடிக்கப் போய்விட்டான். எஞ்சினை நிறுத்தியவர் பாதுகாப்பு வால்வை விடுவிக்கவில்லை. அதற்குப் பிறகு டிரெவிதிக் தன் பாய்லர்களில் ஓர் ஈய அடைப்பையும் சேர்த்தார். தண்ணீர் குறைந்து சூடு ஏறினால் ஈயம் உருகி வழிவிடும். யாரும் பக்கத்தில் இருக்க வேண்டியதில்லை. 1831-இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில் ஓடிய ரயில் எஞ்சின் ஒன்றில், ஆவி சீறும் சத்தம் பிடிக்காமல் நெருப்புப் போடுபவர் வால்வை அழுத்தி மூடிவிட்டார். பாய்லர் வெடித்தது, அவர் இறந்தார். விசில் சத்தம் தொல்லையாக இருக்கிறது என்று வெயிட் மேல் கரண்டியையோ ஈரத் துணியையோ வைக்கும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. செய்வது அதே காரியம்தான்.

ஆக, நம் மூடியில் இருப்பவர்கள் இருவர். வெயிட்டில் பாப்பின், சேஃப்டி வால்வின் உருகும் உலோக அடைப்பில் டிரெவிதிக்.

மருத்துவ அணிக்கும் ஒரு பதில் இருக்கிறது. 100 டிகிரியில் கொதிக்கவைத்தாலும் சில பாக்டீரியாக்களின் வித்துகள் சாகாது. பாஸ்டரோடு வேலை செய்த சார்லஸ் சாம்பர்லாண்ட் 1879-இல் உருவாக்கிய ஆட்டோகிளேவ், கொள்கையில் ஒரு பெரிய குக்கர். 121 டிகிரி, சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தம், 15 நிமிடம். அறுவை சிகிச்சைக் கருவிகள் இன்றும் இப்படித்தான் சுத்தமாகின்றன. நம் ஊரில் காளான் வித்து தயாரிக்கிற சிறு பண்ணைக்காரர்கள், அரைவேக்காட்டுச் சோளத்தைப் பையில் கட்டிக் குக்கரில் வைப்பதும் இதற்காகத்தான்.

இனி பொருளைப் பற்றி. என் மதிப்பெண் பத்துக்கு எட்டரை. ஒன்றரை ஏன் போனது என்றால், முதல் காரணம் அந்த விசிலே. விசில் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் கருவி. அதை நாம் கடிகாரமாக்கிவிட்டோம். “பருப்புக்கு நாலு விசில்” என்பது சமையல் குறிப்பே ஆகாது. தீ பெரிதாக இருந்தால் நாலு விசில் மூன்று நிமிடத்தில் வந்துவிடும். சிம்மில் வைத்தால் பதினைந்து நிமிடம் ஆகும். 3 லிட்டரில் ஒரு கணக்கு, 7 லிட்டரில் வேறு கணக்கு. சரியான முறை நிமிடக் கணக்குத்தான். பெரிய தீயில் வைத்து முதல் விசில் வந்ததும் சிம்முக்குக் குறையுங்கள். அங்கிருந்து எண்ணுங்கள். ஊறவைக்காத துவரம்பருப்புக்கு 8 முதல் 10 நிமிடம், இரவெல்லாம் ஊறிய கொண்டைக்கடலைக்கு 15 முதல் 20, ஆட்டுக்கறிக்கு 20 முதல் 25, உருளைக்கிழங்குக்கு அளவைப் பொறுத்து 5 முதல் 8. அழுத்தம் முழுமையாகிவிட்ட பிறகு தீயைக் கூட்டினால் சூடு கூடாது, ஆவிதான் வீணாக வெளியேறும். வெயிட் அடிக்கடி துள்ளுகிறது என்றால் சிலிண்டர் காலியாகிறது என்று அர்த்தம்.

மூடியைப் போட்ட உடனே வெயிட்டை வைப்பதும் பரவலான தவறு. தனியாகக் கழற்றி வைக்கும் வெயிட் என்றால், குழாயில் ஆவி நேர்கோடாக, விடாமல் சீறும்வரை பொறுங்கள். உள்ளே தங்கிய காற்று வெளியேறினால்தான் அதே அழுத்தத்தில் முழுச் சூடு கிடைக்கும். இன்னொரு லாபமும் உண்டு: ஆவி நன்றாக வருகிறது என்றால் குழாய் அடைபடவில்லை என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

பருப்புத் தண்ணீர் விசில் வழியாகப் பொங்கி அடுப்பெல்லாம் மஞ்சளாவது அடுத்த புகார். குக்கரைக் குறை சொல்லிப் பயனில்லை. பருப்பு நுரைக்கும் சரக்கு. குக்கரில் நேரடியாகப் போட்டால் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. மற்றவற்றுக்கு மூன்றில் இரண்டு பங்கு எல்லை. ஒரு டம்ளர் பருப்புக்கு இரண்டரை முதல் மூன்று டம்ளர் தண்ணீர், ஒரு ஸ்பூன் எண்ணெய். நுரை அடங்கும். நுரையோடு மேலே வரும் பருப்புத் தோல்தான் குழாயில் போய் அடைக்கும். தினமும் கழுவும்போது மூடியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக் குழாய் வழியே பாருங்கள். ஓட்டை தெரிய வேண்டும். தெரியாவிட்டால் ஒரு ஈர்க்குச்சி போதும்.

பருப்பு வேகவே இல்லையா? பழைய சரக்காக இருக்கலாம், போர் தண்ணீரின் கடினத்தன்மையாக இருக்கலாம். புளியையோ தக்காளியையோ பருப்போடு சேர்த்தே போட்டிருந்தாலும் வேகாது. புளிப்பு பருப்பை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

வாங்கும்போது உலோகத்தில்தான் முதல் குழப்பம். அலுமினியம் சீக்கிரம் சூடேறும், விலை குறைவு. ஆனால் புளி, தக்காளி, எலுமிச்சையை நேரடியாகப் போட்டு வேகவைத்து வந்தால் உட்புறம் புள்ளி புள்ளியாக அரித்துவிடும். அடுக்கு வைத்துச் சமைப்பவர்கள் அடித்தண்ணீரில் ஒரு கொட்டைப் புளியைப் போடுவது வேறு கணக்கு. அது உப்புத் தண்ணீரால் பாத்திரம் கறுப்பதைத் தடுக்கும். சாம்பார், பிரியாணி, குருமா என்று குக்கரிலேயே முடிக்கிறவர்களுக்கு எவர்சில்வர்தான் சரி. அடிப்பாகத்தில் நடுவே அலுமினியம் வைத்த கனமான அடுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாத மெல்லிய எவர்சில்வரில் சூடு பரவாது, நடுவில் வட்டமாக அடிப்பிடிக்கும்.

அடுத்தது மூடி. ஹாக்கின்ஸ் பாணியில் மூடி உள்ளே போய் ஆவியே அதை விளிம்போடு அழுத்திப் பிடிக்கும். அழுத்தம் இறங்காமல் திறக்க முடியாது. பாதுகாப்பில் எனக்கு இதுதான் பிடிக்கும். ஆனால் வாய் குறுகல், அகலமான அடுக்குப் பாத்திரம் இறங்காது. பிரஸ்டீஜ் பாணி வெளிமூடியில் வாய் முழுசாகத் திறக்கும். சாதம், பருப்பு, காய் என்று மூன்றடுக்கு வைக்கிற வீட்டுக்கு அதுதான் தோது. வெளிமூடியின் விளிம்பில் ஒரு நீள்வெட்டு இருக்கும். விசிலும் சேஃப்டி வால்வும் கைவிட்டால் கேஸ்கெட் அந்த இடைவெளியில் பிதுங்கி ஆவியை விடுவிக்கும். பாப்பினுக்கும் டிரெவிதிக்குக்கும் தோன்றாத மூன்றாவது காவல் இது. அளவு? இரண்டு மூன்று பேருக்கு 3 லிட்டர், நான்கைந்து பேருக்கு 5. விருந்தாளியை நினைத்து 10 லிட்டர் வாங்கினால் அது பரணில்தான் இருக்கும்.

ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 2347 என்ற எண்ணும் இல்லாத குக்கரை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். 2021 பிப்ரவரி 1 முதல் இந்தியாவில் அது கட்டாயம். ஆனாலும் முத்திரை இல்லாத சரக்கு இணையக் கடைகளில் விற்பனைக்கு வந்து, நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் நடவடிக்கை எடுக்க வேண்டியிருந்தது.

பழுது என்று வந்தால் பெரும்பாலும் ரப்பர்தான். விசில் வராமல் கைப்பிடிப் பக்கம் ஆவி புஸ்ஸென்று போகிறதா? ரப்பரை விரலால் மடக்கிப் பாருங்கள். கெட்டியாகி, மடக்கிய இடத்தில் வெடிப்பு தெரிந்தால் ஆயுள் முடிந்தது. ஃபிரிட்ஜில் வைத்து எடுப்பதெல்லாம் ஒரு வேளைச் சமையலுக்கு ஓடும், அவ்வளவே. இதைக் கவனிக்காமல் விட்டால் அழுத்தம் சேராது, தண்ணீர் மட்டும் வற்றும், அடிப்பிடிக்கும், கடைசியில் சேஃப்டி வால்வ் போகும். போன வால்வை எம்-சீல் வைத்து அடைப்பவர்களும் இருக்கிறார்கள். கிரீனிச் பாய்லரையே சமையலறையில் வைத்துக்கொள்வதற்குச் சமம் அது. அந்த வால்வ் ஒருமுறை உருகினால், ஏன் உருகியது என்று குழாயையும் ரப்பரையும் பார்த்த பிறகுதான் புதியதைப் போட வேண்டும்.

உதிரி வாங்கப் போகும்போது மூடியையே கையோடு எடுத்துப் போங்கள். “அஞ்சு லிட்டர் ரப்பர் குடுங்க” என்றால் கடைக்காரர் ஏதோ ஒன்றைக் கொடுப்பார். ஒரே லிட்டரில் மாடலுக்கு மாடல் விட்டம் மாறும். வெயிட்டை மட்டும் ஒரு கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றவே மாற்றாதீர்கள். குழாயில் பொருந்தி உட்கார்ந்தாலும் துளையின் அளவு வேறாக இருக்கும், அப்புறம் மேலே சொன்ன 126 கிராம் கணக்கு செல்லாது.